குழந்தையையும் அழைத்து வா!

பள்ளிக்கூடம் என்றதும் நம் நினைவுக்கு வருவன வகுப்பறையும் கரும்பலகையும் பாடநூலுமே. ஆனால், ஒரு தாய் கல்வி கற்பதற்கு வாயிலாய் அமைந்தது அவள் குழந்தைக்கென்று திறக்கப்பட்ட பாலர் அறையே என்றால் வியப்பாக இருக்கிறதன்றோ? ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டின் வடபகுதியிலுள்ள குலு நகரில், புனித மோனிக்கா தையற்பள்ளியில் நிகழ்ந்தது இதுவே. அதை நிகழ்த்தியவர் திரு இருதய சகோதரிகள் சபையைச் சார்ந்த அருட்சகோதரி ரோஸ்மேரி நியிரும்பே. பிள்ளைகளைப் பெற்று வளர்க்கும் நம் குடும்பங்கள் அவரது பணியை அறிந்திருப்பது நலம்.

கொம்போனியாரின் திட்டம்

இப்பணியின் வேர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அப்பால் ஊன்றியுள்ளது. இத்தாலி நாட்டுக் குருவாகிய தானியேல் கொம்போனி நைல் நதிக்கரை நாடுகளுக்கு மறைப்பணி ஆற்றச் சென்றபோது, உடன்வந்த குருக்கள் கடுங்காய்ச்சலுக்கு ஒருவர்பின் ஒருவராகப் பலியாவதைக் கண்டார். அயல்நாட்டவரை மட்டும் நம்பினால் பணி நிலைபெறாது என்பதை உணர்ந்தார். ஆப்பிரிக்காவுக்கு மறுவாழ்வு தருபவர்கள் ஆப்பிரிக்க மக்களாகவே இருத்தல் வேண்டும் என்னும் திட்டத்தை 1864-ஆம் ஆண்டில் வகுத்தார். 1881-ல் கார்ட்டூம் நகரில் அவர் இறைவனடி சேர்ந்தார். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 2003 அக்டோபர் 5-ஆம் நாள் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவர் வழிவந்த மறைபணியாளர்கள் அத்திட்டத்தை மறந்துவிடவில்லை. கொம்போனி சபையைச் சார்ந்த ஆயர் மசோல்டி, இன்று தென் சூடானின் தலைநகராக விளங்கும் ஜூபாவில், ஆப்பிரிக்கப் பெண்களுக்கென்றே 1954-ல் திரு இருதய சகோதரிகள் சபையைத் தோற்றுவித்தார். 1964-ல் சூடான் அரசு தன் தென்பகுதியிலிருந்த அயல்நாட்டு மறைபணியாளர் அனைவரையும் வெளியேற்றியது. போரின் கொடுமையால் இச்சகோதரிகளும் எல்லை கடந்து உகாண்டாவில் தஞ்சம் புகுந்தனர். அந்நாட்டின் மேற்கு நைல் பகுதியில், பைதா என்னும் ஊரில், 1956-ல் பிறந்த ரோஸ்மேரி, தம் 15-ஆம் வயதில் அச்சபையை நாடிச் சென்றார். பின்னர் பேறுகால மருத்துவப் பணியிலும் பயிற்சி பெற்றார். கொம்போனியார் கண்ட கனவு ஆப்பிரிக்க மகள் ஒருத்தியின் உருவில் நனவாயிற்று எனலாம்.

பிள்ளைகளைக் கவர்ந்த போர்

1987-ஆம் ஆண்டளவில் வட உகாண்டாவில் ஜோசப் கோனி என்பவனின் தலைமையில் ஒரு கலகப்படை கிளம்பியது. 'ஆண்டவரின் எதிர்ப்புப் படை' என்று அது தனக்குப் பெயரிட்டுக்கொண்டது. ஆனால், ஆண்டவர் அருகில் அழைத்து ஆசி அளித்த சிறுவரையே அது வேட்டையாடியது! ஊர்களில் புகுந்து பல்லாயிரம் சிறுவர் சிறுமியரைக் கவர்ந்து சென்றது. சிறுவர் கையில் துப்பாக்கி திணிக்கப்பட்டது. சிறுமியர் படைத்தலைவர்களுக்கு மனைவியர் என்று பங்கிடப்பட்டனர்.

1996 அக்டோபர் 10-ஆம் நாள் அபோகே என்னுமிடத்திலுள்ள புனித மரியாள் கல்லூரியிலிருந்து 139 மாணவியர் கடத்தப்பட்டனர். அங்கே பணிபுரிந்த கொம்போனி மறைபரப்புச் சகோதரி ராக்கேலே ஃபாசேரா, காட்டினூடே கலகக்காரரைப் பின்தொடர்ந்து சென்று, அவர்களிடம் மன்றாடி 109 பேரை மீட்டுவந்தார். முப்பது பேரை அவர்கள் விட மறுத்துவிட்டனர்.

கிராமத்துப் பிள்ளைகளோ, இரவில் தாங்கள் கவரப்படுவோம் என்றஞ்சி, மாலைதோறும் கல் தொலைவு பல நடந்து குலு நகரை அடைந்தனர். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலும் உறங்கி, விடிந்ததும் திரும்பிச் சென்றனர். 2003-ல் பேராயர் ஒடாமாவும் பிற சமயத் தலைவர்களும் அவர்களோடு தெருவிலேயே படுத்து உறங்கி, உலகின் கண்களைத் திறக்க முயன்றனர்.

காட்டிலிருந்து தப்பி வந்த சிறுமியரின் துயர் அத்துடன் ஓய்ந்ததோ எனில், இல்லை. பலருடைய இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. அப்பகுதியில் வாழும் அச்சோலி மக்களின் வழக்கப்படி, பிள்ளை தந்தையின் குலத்தைச் சேரும். நிலத்தின் உரிமையும் அவ்வழியே வரும். தந்தை கலகக்காரன் எனில் பிள்ளைக்குக் குலமும் இல்லை, நிலமும் இல்லை. அச்சோலி மக்களிடையே துன்பக் காலத்தில் பிறந்த பிள்ளைக்கு அத்துன்பத்தையே பெயராகச் சூட்டும் வழக்கமும் உண்டு. 'கோமகெச்' என்பது அத்தகைய பெயர். பேறற்றவன் என்பது அதன் பொருள். தான் செய்யாத குற்றத்தின் சுமையைப் பெயரிலேயே தாங்கும் குழந்தையை எண்ணிப் பாருங்கள்!

அருட்சகோதரி கண்ட வழி

புனித மோனிக்கா தையற்பள்ளியின் பொறுப்பைச் சகோதரி ரோஸ்மேரி ஏற்றபோது, ஏறத்தாழ முந்நூறு பேர் பயிலக்கூடிய அவ்விடத்தில் முப்பது மாணவியரே இருந்தனர். அவர்களிலும் சிலர் வாய் திறவாதிருந்தனர். பாடத்தில் மனம் செலுத்த இயலாமல் தவித்தனர். அவர்களோடு நெருங்கிப் பழகிய பின்னரே, அவர்கள் காட்டில் சிறைப்பட்டிருந்தவர்கள் என்பதைச் சகோதரி அறிந்துகொண்டார். அப்படியாயின், குழந்தையோடு வந்தவர்கள் எங்கே? பள்ளிக்குச் செல்ல வேண்டுமானால் பிள்ளையை யாரிடமாவது விட்டுச் செல்லவேண்டும். கலகக்காரனின் பிள்ளையை ஏற்பார் யார்?

இக்கேள்விக்குச் சகோதரி கண்ட விடை மிக எளியது. கருவுற்றவர்களும் கைக்குழந்தை உடையவர்களும் அவ்வண்ணமே வரலாம் என்று வானொலி வழியாக அழைப்பு விடுத்தார். பெண்கள் வந்தனர். தாய்மார் தையலும் சமையலும் கற்கும் வேளையில், குழந்தைகள் அதே வளாகத்தில் பேணப்பட்டனர். சகோதரியே பிள்ளைகளைத் தூக்கிச் சுமக்கும் தாதியானார். 2002 முதல் 2,000-க்கும் மேற்பட்ட பெண்கள் அப்பள்ளியின் பயனைப் பெற்றுள்ளனர்.

குழந்தைகளைப் பேணும் இவ்வேற்பாடு, தையற்பள்ளியோடு ஒட்டிவைத்த உதவிப்பணி போலத் தோன்றலாம். உண்மை வேறு. அதுவே அப்பள்ளியின் அடித்தளம். அது இல்லையேல் தாய் வாசலுக்கே வந்திருக்கமாட்டாள். மேலும், கொடுமையின் நினைவாகவே தன் குழந்தையைப் பார்த்த தாய், பிறர் அதை அள்ளி அணைப்பதைக் காணும்போது, தானும் அதைப் புதிய கண்களோடு நோக்கத் தொடங்குகிறாள். குழந்தையும் பிற பிள்ளைகளோடு கூடி உண்டு, பாடி, ஆடும்போது, அங்கே அவன் கலகக்காரனின் மகன் அல்லன். தன் சொந்தப் பெயரால் அழைக்கப்படும் ஒரு பிள்ளை. எழுத்தும் எண்ணும் பின்னர் வரலாம். இந்த முதற்பாடம் பிந்தினால், அதை ஈடுசெய்தல் அரிது.

அரசு செய்ததும் திருச்சபை செய்ததும்

உகாண்டா அரசு 1997-ல் தொடக்கக் கல்வியைக் கட்டணமின்றி வழங்கத் தொடங்கியது. அது போற்றற்குரிய செயல். ஆயினும் பாலர் கல்வி அத்திட்டத்தில் இடம்பெறவில்லை. 2008-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைக் கல்வியின் முதற்படியென ஏற்றபோதிலும், அதை நடத்தும் பொறுப்பைத் தனியாரிடமே விட்டது. கட்டணம் செலுத்த வல்லவரின் பிள்ளைகள் பாலர் பள்ளியில் பயின்று முதல் வகுப்புக்கு வருகின்றனர். ஏழையின் பிள்ளையோ ஒன்றும் அறியாமல் வந்து, தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகிறது. பங்குகளும் துறவற சபைகளும் நடத்தும் சிறு பாலர் பள்ளிகள் இந்த இடைவெளியை நிரப்புகின்றன. ஊதியம் குறைந்த ஓர் ஆசிரியை, ஒரு பாய், ஒரு குவளைக் கஞ்சி ஆகியவையே பல இடங்களில் அதன் தொடக்கம்.

இதற்குப் பணம் வேண்டுமே! சகோதரி ரோஸ்மேரியின் மாணவியர், பானக் குவளைகளைத் திறக்கும் சிறு அலுமினிய வளையங்களைச் சேர்த்து, நூலால் கோத்து, அழகிய கைப்பைகளாக ஆக்கினர். எறியப்பட்ட பொருளிலிருந்து விற்பனைப் பொருள்! அட்டியாக் என்னும் ஊரிலோ, மண் நிரப்பிய பிளாஸ்டிக் புட்டிகளைச் செங்கல்போல் அடுக்கி, ஆதரவற்ற குழந்தைகளுக்கு வீடுகள் எழுப்பினர். 2014-ல் 'டைம்' இதழ் உலகில் செல்வாக்கு மிக்க நூறு பேர் வரிசையில் சகோதரியையும் சேர்த்துக்கொண்டது.

நீதியும் மெல்ல நடந்து வந்தது. கோனியின் படைத்தலைவர்களுள் ஒருவனான டொமினிக் ஓங்வெனை 2021-ல் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்த்தது. அவனே சிறுவனாக இருந்தபோது பள்ளிக்குச் செல்லும் வழியில் கவரப்பட்டவன் என்பது நெஞ்சைப் பிளக்கும் செய்தி. 2024 பிப்ரவரியில் இழப்பீட்டுத் தீர்ப்பு வழங்கிய அந்நீதிமன்றம், காட்டில் பிறந்த பிள்ளைகளையும் பாதிக்கப்பட்டவர்களென ஏற்றுக்கொண்டது. நீதிமன்றம் அவ்வாறு கூறுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, குலுவில் ஓர் அருட்சகோதரி அப்பிள்ளைகளைத் தம் முதுகில் சுமந்து, அதே தீர்ப்பை வழங்கிவிட்டார்!

நமக்கு ஒரு கேள்வி

மறைபரப்பு ஞாயிறன்று நாம் அளிக்கும் காணிக்கை தொலைநாடுகளின் பாலர் பள்ளிகளுக்கும் துணையாகிறது; அதை மனமுவந்து அளிப்போம். ஆனால் அத்துடன் நம் கடமை தீர்ந்துவிடுமோ? தகப்பன் பெயர் சொல்ல இயலாத குழந்தையோடு ஒரு பெண் நம் பங்கின் பள்ளி வாசலுக்கு வரும்போது, முதலில் அவளிடம் என்ன கேட்கிறோம்? சான்றிதழையா? அல்லது குழந்தை பசியாறிற்றா என்றா? மகனுக்காகக் கண்ணீர் வடித்த புனித மோனிக்காளின் பெயர் தாங்கிய அப்பள்ளியில் முதற்கேள்வி எதுவென்பதை நாம் அறிந்துகொண்டோம். நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அதுவே முதற்கேள்வியாகுக.