தொண்ணூறாவது நிமிடத்துக்கு மேலே...

ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் பழவேற்காடு ஏரியோடு தொடர்புள்ள உப்பங்கழி. நடுவே மணல் திட்டாக நீண்டுகிடக்கிறது காட்டுப்பள்ளி. பூண்டி ஏரியைத் திறந்தால், கொசஸ்தலை ஆற்றில் வரும் தண்ணீர் இதன் பக்கத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலைச் சேரும். 2015 டிசம்பரில் அந்தத் தண்ணீர் எப்படி வந்தது என்பதை இந்தப் பக்கத்துக் குப்பங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதே மாதத்தில்தான் சென்னையின் எஃப்.சி. அணி, ஐ.எஸ்.எல். கால்பந்தில் அரையிறுதிக்கு வந்திருந்தது. வந்ததே பெரிய விஷயம். நவம்பரில் பட்டியலின் கடைசி இடத்தில் கிடந்த அணி அது. பிறகு தொடர்ந்து நான்கு வெற்றி, மூன்றாம் இடம். ஊரே கூடிக் கொண்டாடியிருக்க வேண்டிய ஆட்டம், வெள்ளத்தால் புனேவுக்குப் போய்விட்டது. சொந்த மண்ணில் ஒரு ரசிகன் கத்த முடியாத 'சொந்த ஊர்' ஆட்டம்! அதிலும் கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். கொல்கத்தாவில் நடந்த மறு ஆட்டத்தில் 1-2 எனத் தோற்றும், மொத்தக் கணக்கில் இறுதிப்போட்டிக்குள் நுழைந்தார்கள்.

டிசம்பர் 20. கோவாவின் ஃபடோர்டா மைதானம். எதிரணி எஃப்.சி. கோவா, பயிற்சியாளர் பிரேசிலின் ஜிகோ. சென்னைக்கு மாத்தராசி, 2006 உலகக் கோப்பை இறுதியில் ஜிடானிடம் தலையால் முட்டு வாங்கினாரே, அவரேதான்.

ஊரில் இருந்தவர்களுக்கு டி.வி.தான் கதி. வீட்டுச் சுவரில் ஈரம் காயாதவர்களும், நனைந்துபோன பாய் தலையணையை மொட்டைமாடியில் உலர்த்தியவர்களும் அன்றைய ரசிகர்களில் இருந்தார்கள். இந்த நேரத்தில் பந்தாட்டமா என்று கேட்கலாம். இந்த நேரத்தில்தான் வேண்டும் என்று அவர்கள் சொன்னால், மறுத்துப் பேச முடியாது.

54-வது நிமிடத்தில் பெனால்டி. புருனோ பெலிசாரி அடித்ததை கோவா கோல் கீப்பர் கட்டிமணி தடுத்துவிட்டார். திரும்பி வந்த பந்தை பெலிசாரியே உள்ளே தள்ளினார். நான்கே நிமிடத்தில் ஹாவோகிப் சமன் செய்தார். 87-வது நிமிடத்தில் ஜோஃப்ரேயின் கோல், கோவா 2-1. மைதானம் அதிர்ந்தது. இங்கே எத்தனை பேர் ரிமோட்டைத் தேடினார்களோ!

அணைத்தவர்கள் ஏமாந்தார்கள். 90-வது நிமிடம், சேம்சைடு கோல், அதுவும் கட்டிமணியின் கணக்கிலேயே. அன்று உயிரைக் கொடுத்து ஆடிய அந்த கோவாக்காரருக்காக சென்னை ரசிகனும் ஒரு நொடி வருந்தியிருக்கலாம். ஒரு நொடிதான். ஏனென்றால் 90+2-ல் கொலம்பியாவின் மெண்டோசா பந்தை வலைக்குள் சேர்த்துவிட்டார். 3-2. கோப்பை சென்னைக்கு. அந்தத் தொடரில் அவருக்கு அது 13-வது கோல்.

இரண்டேகால் வருடம் கழித்து, 2018 மார்ச் 17-ல் மறுபடியும் ஓர் இறுதிப்போட்டி. பெங்களூரு அணியை அதன் சொந்தக் கண்டீரவா மைதானத்திலேயே எதிர்கொண்டது சென்னை. வடசென்னைக்கு இம்முறை கூடுதல் உரிமை இருந்தது. அரையிறுதியில் கோல் அடித்தவர்களில் ஒருவர் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். சந்துகளிலும் மணலிலும் பந்தை உதைத்துப் பழகிய பிள்ளைகளுக்கு, டி.வி.யில் தெரிவது நம்ம ஏரியா பையன்!

9-வது நிமிடத்தில் சுனில் சேத்ரி முந்திக்கொண்டார். மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டி இரண்டு, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என சென்னை 3-1 ஆக்கியது. இனி நிம்மதி என்று சாய்ந்து உட்கார்ந்த நேரத்தில் மிக்கு ஒரு கோல் போட்டார். எந்த நிமிடம் தெரியுமா? அதே 90+2. ஃபடோர்டாவில் தூக்கிவிட்ட நிமிடம், இப்போது பெங்களூரு பக்கம் நின்றது.

3-2. சாய்ந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நடுவர் விசிலை வாயில் வைக்கும்வரை யாரும் உட்காரவில்லை.