இரு திறத்தாருக்கும் நடுவே: சூடான் உடன்படிக்கையும் திருச்சபையின் ஒப்புரவுப் பணியும்

துன்பத்தின் நடுவில் யோபு எழுப்பும் முறையீடுகளுள் ஒன்று, நடுநின்று பேச ஒருவர் இல்லையே என்பதாகும் (யோபு 9:33). கடவுளையும் தன்னையும் ஒருங்கே தொட்டுப் பேச உரிமையுள்ள ஒருவரை அவர் தேடுகிறார், காணவில்லை. இம்முறையீடு கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையேயுள்ள வழக்கைப் பற்றியதே. எனினும், மத்தியஸ்தராக நிற்பவருக்கு வேண்டிய தகுதி எது என்பதையும் இது நமக்குத் தெளிவாக்குகிறது. ஒரு புறத்தாருக்கு மட்டும் அணுக்கமானவர் மத்தியஸ்தர் ஆகார். இரு புறத்தாருக்கும் தொலைவில் நிற்பவரும் ஆகார். இருவரையும் தொடக்கூடிய இடத்தில் நிற்பவரே அப்பணிக்கு உரியவர்.

போர் மூளும்போது சமாதானம் பேசும் பொறுப்பை ஐக்கிய நாடுகள் சபையும், அண்டை நாடுகளும், வல்லரசுகளும் ஏற்கின்றன. திருச்சபையோ பெரும்பாலும் மன்றாட்டோடும் அறிக்கைகளோடும் அமைந்துவிடுகிறது. இதற்கு மாறாக, திருச்சபையின் பிரதிநிதிகள் ஓர் உள்நாட்டுப் போரின் நடுவே சென்று, இரு திறத்தாரையும் ஒரே மேசையில் அமர்த்தி, உடன்படிக்கை காணச் செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1972ஆம் ஆண்டில் எத்தியோப்பியாவின் தலைநகரான அடிஸ் அபாபாவில் உருவான சூடான் உடன்படிக்கையே அது. அது எவ்வாறு கைகூடியது, பதினோரு ஆண்டுகளில் ஏன் முறிந்தது என்னும் இரு வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

போரின் வேர்கள்

சூடானின் வடபகுதி மக்களுள் மிகப் பெரும்பாலோர் அரபு மொழி பேசும் முஸ்லிம்கள். தென்பகுதியில் டிங்கா, நூவர் முதலிய பல இனத்தார் தங்கள் முன்னோரின் சமயத்தையோ கிறிஸ்தவத்தையோ பின்பற்றினர். பிரிட்டிஷ் ஆட்சியாளர் இரு பகுதிகளையும் தனித்தனியே ஆண்டனர். தெற்கில் கல்விப் பணியைப் பெரும்பாலும் மிஷனரிமாரிடம் விட்டனர். 1956 ஜனவரி 1 அன்று நாடு விடுதலை பெற்றபோது, ஆட்சிப் பொறுப்புகள் ஏறக்குறைய முழுவதும் வடக்கத்தியரிடமே சேர்ந்தன. அதற்கு முன்னரே, 1955 ஆகஸ்டில், டோரிட் நகரில் தெற்குப் படைவீரர் கலகம் செய்தனர். அக்கலகமே பதினேழு ஆண்டுப் போரின் தொடக்கம் எனக் கொள்ளப்படுகிறது.

தெற்கத்தியரை அரபுமயமாக்க முயன்ற இராணுவ ஆட்சி, 1964இல் தெற்கிலிருந்த வெளிநாட்டு மிஷனரிமாரை வெளியேற்றியது. ‘அன்யா-ந்யா’ என்னும் கெரில்லா இயக்கம் வலுப்பெற்றது. 1965இல் கார்ட்டூம் நகரில் கூடிய வட்டமேசை மாநாடு பயனளிக்கவில்லை. ஊர்கள் எரிந்தன, மக்கள் காடுகளுக்கும் அண்டை நாடுகளுக்கும் ஓடினர். போரிலும் அதனால் விளைந்த பஞ்சத்திலும் நோயிலும் ஐந்து இலட்சம் பேர் மாண்டனர் என்பது பொதுவாகக் கூறப்படும் மதிப்பீடு.

இப்போரைக் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட சமயப் போர் என்று மட்டும் கூறுவது பொருந்தாது. நிலம், பதவி, மொழி, பழைய அடிமை வாணிபத்தின் நினைவு ஆகிய அனைத்தும் இதில் பின்னியிருந்தன. திருச்சபை இதனை உணர்ந்திருந்தமையாலேயே பின்னர் மத்தியஸ்தப் பணிக்குத் தகுதி பெற்றது. சமயப் போர் என்று அது எண்ணியிருந்தால், தானும் ஒரு கட்சியாகவே நின்றிருக்கும்.

நம்பிக்கை பிறந்த வழி

1969 மே 25 அன்று கர்னல் நிமேரி ஆட்சியைக் கைப்பற்றினார். அடுத்த மாதமே, தெற்கின் வேறுபட்ட தன்மையை ஏற்று, அதற்குப் பிரதேசத் தன்னாட்சி அளிப்பதாக அவரது அரசு அறிவித்தது. ஆயினும் போர் தொடர்ந்தது. 1971 ஜூலையில் கம்யூனிஸ்டுகள் நடத்திய கவிழ்ப்பு முயற்சி தோல்வியுற்றபின், நிமேரி தம் பழைய ஆதரவாளரை இழந்தார். புதிய துணை அவருக்குத் தேவையாயிற்று. தெற்கிலோ, சிதறிக் கிடந்த குழுக்கள் ஜோசப் லாகுவின் தலைமையில் ஒன்றுபட்டன. இவ்வாறு, பேசுவதற்கு மனமுள்ள அரசும், பேசுவதற்கு அதிகாரமுள்ள எதிர்த்தரப்பும் ஒரே காலத்தில் அமைந்தன. இக்காலப் பொருத்தம் இல்லாவிடில் எந்த மத்தியஸ்தரும் வென்றிருக்க இயலாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்நிலையில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழு 1971 ஜனவரியில் அடிஸ் அபாபாவில் கூடியது. அதன் தலைவராயிருந்தவர் நம் நாட்டு இறையியலாளர் எம். எம். தாமஸ் என்பது ஈண்டு நினைவுகூரத் தக்கது. அவ்வாண்டு மே மாதத்தில் உலக மன்றமும், அனைத்து ஆப்பிரிக்கத் திருச்சபைகள் பேரவையும் இணைந்து கார்ட்டூமுக்கு ஒரு தூதுக்குழுவை அனுப்பின. போரால் அல்லலுறும் மக்களுக்கு இரு புறத்திலும் உதவி செய்வதைப் பற்றிப் பேசச் சென்ற அக்குழு, உதவியால் மட்டும் தீராத துயரம் இது என்பதை உணர்ந்து, சமாதானப் பேச்சுக்கும் வழி தேடியது.

அரசு அவர்களை நம்பியதற்கு ஒரு காரணம், நாட்டைப் பிரிக்கும் கோரிக்கையை அவர்கள் தூக்கிப் பிடிக்கவில்லை என்பது. தெற்கத்தியர் நம்பியதற்குக் காரணம், அவர்களுடைய அகதிகளைத் திருச்சபைகள் பல ஆண்டுகளாகத் தாங்கி வந்தமை. மேலும், தூதுவர்கள் எவரும் முன்பு சூடானை ஆண்ட நாட்டைச் சேர்ந்தவர் அல்லர். லியோபோல்டோ நீலூஸ் அர்ஜென்டினா நாட்டு வழக்கறிஞர். கோட்வோ அங்க்ரா கானா நாட்டவர். பேரவையின் பொதுச் செயலாளர் கேனன் பர்ஜஸ் கார் லைபீரியா நாட்டு ஆங்கிலிக்கக் குரு. யோபு தேடிய தகுதி, பெரும் வல்லமையால் அன்று, இத்தகைய எளிய காரணங்களால் இவர்களுக்குக் கிட்டியது.

அடிஸ் அபாபாவில்

1971 நவம்பரில் முன்னோடிப் பேச்சு மறைவாக நடந்தது. ஒன்றுபட்ட சூடானுக்குள்ளேயே தீர்வு காண்பதென இரு திறத்தாரும் இணங்கினர். 1972 பெப்ரவரியில் முழுப் பேச்சு தொடங்கியது. அரசின் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஆபெல் அலியர். இவர் தெற்கைச் சேர்ந்த டிங்கா இனத்தவர், கிறிஸ்தவர், நிமேரியின் அமைச்சர். எதிர்த்தரப்பின் குழுவுக்கு எஸ்போனி மோண்டிரி தலைமை வகித்தார். கூட்டத்தை நடத்திச் செல்லும் பணி கேனன் கார் அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

மொழி, வரி, மாநில அதிகாரம் ஆகியவற்றில் உடன்பாடு காண்பது ஒப்பளவில் எளிதாயிற்று. பாதுகாப்பைப் பற்றிய பேச்சிலேயே கூட்டம் முறிந்துபோகும் நிலை எழுந்தது. நேற்றுவரை தங்களைச் சுட்ட படையின் காவலில் தெற்கத்தியர் எவ்வாறு உறங்குவர்? கலகம் செய்தவரைத் தன் படையில் அரசு எவ்வாறு சேர்க்கும்? கொடுமைகளை எடுத்துரைத்து ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டிய வேளையில், கார் பேச்சை நிறுத்தி மன்றாட்டு ஏறெடுத்ததாகவும், அது அவையின் போக்கையே மாற்றியதாகவும் அந்நிகழ்ச்சியை ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். இறுதியில் பேரரசர் ஹைலி செலாசியின் தலையீட்டால் வழி பிறந்தது. தெற்கில் நிற்கும் படையின் எண்ணிக்கை 12,000. அவர்களுள் 6,000 பேர் தெற்கத்தியர், 6,000 பேர் பிற பகுதியினர் என முடிவாயிற்று.

பெப்ரவரி 27 அன்று உடன்படிக்கையில் முதற்கையொப்பம் இடப்பட்டது. மார்ச் 27 அன்று அது உறுதி செய்யப்பட்டது. மூன்று தென் மாகாணங்களும் ஒரே தன்னாட்சிப் பகுதியாயின. அதற்கெனத் தனிச் சட்டமன்றமும் நிர்வாகக் குழுவும் அமைந்தன. நாட்டின் ஆட்சிமொழி அரபு. தெற்கின் முதன்மை மொழி ஆங்கிலம். நீலூஸ், அங்க்ரா, கார், சூடான் திருச்சபைகள் மன்றத்தின் சாமுவேல் புவோகோ ஆகியோர் சாட்சிகளாகக் கையொப்பமிட்டனர். துப்பாக்கிகள் ஓய்ந்தன. அகதிகள் ஊர் திரும்பினர்.

முறிவு

உடன்படிக்கையைக் காக்க அதற்குள்ளேயே ஓர் அரண் அமைக்கப்பட்டிருந்தது. தன்னாட்சிச் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால், தேசியச் சட்டமன்றத்தில் நான்கில் மூன்று பங்கினர் இசைய வேண்டும். அதற்கு மேலும், தென் மாகாணங்களில் வாக்கெடுப்பு நடத்தி மூன்றில் இரண்டு பங்கினரின் ஒப்புதல் பெறவேண்டும். எழுத்தில் இது உறுதியான அரண்தான்.

ஆனால் 1978இல் தெற்கிலுள்ள பெந்தியு அருகே எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது; அதன் பயன் யாருக்கு என்னும் பூசல் எழுந்தது. நிமேரி தம் எதிரிகளாயிருந்த சமயக் கட்சியினரோடு இணக்கம் நாடினார். தெற்கின் தலைவர்களுக்குள்ளும் இனப் பிணக்கு வளர்ந்தது. ஜோசப் லாகுவே தெற்கைப் பிரிக்க வேண்டுமென வாதிட்டார். 1983 மே மாதத்தில், வடக்கே மாற்றப்படுவதை எதிர்த்துப் போர் நகரிலிருந்த தெற்குப் படையினர் கலகம் செய்தனர். ஜூன் 5 அன்று, வாக்கெடுப்பு ஏதுமின்றி, ஒரே ஆணையால் நிமேரி தெற்கை மூன்றாகப் பிரித்தார். செப்டம்பரில் இஸ்லாமியச் சட்டம் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. போர் மீண்டும் மூண்டு, 2005 ஜனவரி 9 வரை நீடித்தது. முதற்போரைக் காட்டிலும் பன்மடங்கு உயிர்கள் அழிந்தன. ஆபெல் அலியர் 1990இல் தாம் வெளியிட்ட நூலுக்கு, அவமதிக்கப்பட்ட உடன்படிக்கைகள் மிகப் பல எனப் பொருள்படும் தலைப்பை இட்டார்.

இம்முறிவுக்குச் சூடானின் தலைவர்களே முதற்பொறுப்பாளிகள். ஆயினும் நாம் கவனிக்க வேண்டிய குறை ஒன்றுண்டு. உடன்படிக்கைக்குச் சாட்சிகள் இருந்தனர், பிணையாளிகள் இல்லை. போர்நிறுத்தத்தையும் அகதிகளின் மீள்குடியேற்றத்தையும் கவனிக்கக் குழுக்கள் அமைந்தன. அரசியல் வாக்குறுதிகள் காக்கப்படுகின்றனவா என்று ஆண்டுதோறும் கேட்கும் பொறுப்போ வெளியார் எவருக்கும் அளிக்கப்படவில்லை. விருந்தளித்த பேரரசரும் 1974இல் அரியணை இழந்தார்.

இறையியல் நோக்கு

திருச்சபை இத்தகைய பணியில் இறங்கலாமா என்று ஐயுறுவோர் உண்டு. சகோதரர் இருவருக்குள் சொத்தைப் பங்கிடும்படி வேண்டப்பட்டபோது ஆண்டவர் அதற்கு உடன்படவில்லையே (லூக்கா 12:13-15) என்பது அவர்தம் வாதம். அப்பகுதியை ஊன்றிப் படித்தால், அவர் மறுத்தது ஒருவனுக்குச் சார்பாகத் தீர்ப்பளிக்கும் பணியையே என்பது விளங்கும். வழக்கின் வேராகிய பொருளாசையை அவர் தொடாமல் விடவில்லை. அடிஸ் அபாபாவிலும் திருச்சபையின் தூதுவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. தீர்ப்பு காணவேண்டியவர்களைக் கூட்டி வைத்தனர்.

ஒப்புரவாக்கும் ஊழியம் (2 கொரிந்தியர் 5:18) எதுவரை செல்லவேண்டும் என்பதற்குப் பிலேமோன் நிருபமே தக்க விளக்கம். பவுல், ஓடிப்போன ஒநேசிமுவுக்கும் அவன் எஜமானுக்கும் நடுவே நிற்கிறார். இருவரும் அவருக்குப் பிள்ளைகள் போன்றோர். ஆதலால் இருவரையும் தொட அவரால் இயலும். அவர் பரிந்துரைப்பதோடு நிற்கவில்லை. கடன் ஏதும் இருந்தால் தாமே செலுத்துவதாகத் தம் கையால் எழுதிக் கொடுக்கிறார் (18-19). அதன்பின் தமக்கு ஓர் அறையை ஆயத்தம் செய்யும்படி கேட்கிறார் (22). அக்கோரிக்கையை நாம் பெரும்பாலும் கவனியாமல் கடந்துவிடுகிறோம். நான் நேரில் வருவேன், ஒநேசிமு எவ்வாறு நடத்தப்படுகிறான் என்பதைக் காண்பேன் என்னும் பொருள் அதில் அடங்கியுள்ளது. அணுக்கம், பிணை, மறுவருகை ஆகிய மூன்றும் சேர்ந்ததே மத்தியஸ்தம். சூடானில் திருச்சபை முதலாவதைச் சிறப்பாகப் பெற்றிருந்தது. மற்ற இரண்டிலும் உடன்படிக்கை குறைவுபட்டது.

பின்வந்த காலம் இப்பாடத்தை ஓரளவு கற்றது. 1999இல் வுன்லிட் என்னும் ஊரில் டிங்கா, நூவர் மக்களுக்குள் சமாதானம் காணப் புதிய சூடான் திருச்சபைகள் மன்றம் உதவியது. 2011 ஜூலை 9 அன்று தென் சூடான் தனிநாடாயிற்று. 2013 டிசம்பரில் அந்நாட்டுக்குள்ளேயே போர் மூண்டபோது, திருச்சபைத் தலைவர்கள் மீண்டும் நடுவே நின்றனர். 2019 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் தென் சூடான் தலைவர்களை வத்திக்கானுக்கு அழைத்து, அவர்தம் பாதங்களை முத்தமிட்டார். அத்துடன் அமையாது, 2023 பெப்ரவரியில் கான்டர்பரி பேராயரோடும் ஸ்காட்லாந்து திருச்சபையின் தலைவரோடும் ஜூபா நகருக்கு நேரில் சென்றார். அங்குள்ள சமாதானம் அதன்பின்னும் நொய்ம்மையாகவே இருந்து வருகிறது. எனினும், அழைத்தவர்கள் பின் தேடிச் சென்றது பவுல் கேட்ட அறையை நமக்கு நினைவூட்டுகிறது.

நம் ஆயர்களுள் பலர் நாடுகளின் மேசையில் அமரப்போவதில்லை. ஆயினும் குடும்ப வழக்கு, நிலத் தகராறு, சபைக்குள் எழும் சாதிப் பூசல், ஊர்ச் சண்டை ஆகியவற்றில் நடுநிற்க அழைக்கப்படாத ஆயர் இல்லை. ஒப்பந்தம் எழுதி, ஜெபம் செய்து, அனைவரும் கைகுலுக்கியபின் நாம் வீடு திரும்புகிறோம். ஆறு திங்கள் கழித்து அவ்வீட்டு வாசலில் மீண்டும் போய் நிற்கிறோமா? இறையியல் கல்லூரிகளில் ஒப்புரவைப் பற்றிய கோட்பாட்டைக் கற்பிக்கும் நாம், உடன்படிக்கைக்குப் பின் வரும் ஆண்டுகளில் ஆற்றவேண்டிய ஊழியத்தையும் மாணவருக்குக் கற்பித்தல் வேண்டும்.