இருவர் சேர்ந்து ஆடுவதெனின் எந்த ஆட்டம்?

கணவனும் மனைவியுமாய் இருபது ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இருவர், ஒருவர் கையை மற்றவர் பற்றியபடி நான்கு அடி சேர்ந்து எடுத்துவைக்க இயலாது தத்தளித்ததை, விடுமுறைக்கு இலண்டன் சென்றிருந்தபோது நேரிற் கண்டேன். அக்கணவர் பல்கலைக்கழக விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பர், கணக்காய்வாளர். அவர் மனைவியார் இளமையில் வாய்ப்பாட்டை முறையாகப் பயின்றவர். அவர்களின் ஒரே மகள் மேற்படிப்பின் பொருட்டு வேற்றூர் சென்றபின், அவ்வீட்டில் மாலை வேளைகளில் தொலைக்காட்சி பேசியதேயன்றி மனிதர் பேசுவது அருகிவிட்டது. "வீட்டுக் கடனையும் பிள்ளையின்ரை சோதனையையும் விட்டிட்டு நாங்கள் ரெண்டுபேரும் வேறை என்ன கதைச்சனாங்கள் எண்டு யோசிச்சுப் பார்த்தன், ஒண்டும் ஞாபகம் வரேல்லை" என்றார் நண்பர். விடுமுறையில் வந்த மகள் இந்நிலையைக் கண்டு, தாய் தந்தையர் இருவர் பெயரையும் அயலிலிருந்த ஆடல் வகுப்பொன்றிற் பதிந்துவிட்டுப் போய்விட்டாள்.

சோடியாக ஆடுவது என்றதும் நம்மவருட் பலர் முகஞ்சுளிப்பர். இதில் வியப்பில்லை. மேனாட்டாரும் ஒருகாலத்தில் அவ்வாறே சுளித்தனர். ஒஸ்திரியாவிலும் தென் ஜேர்மனியிலும் நாட்டுப்புற மக்கள் ஆடிய ஆட்டங்களிலிருந்து தோன்றியது வால்ட்ஸ். அதற்குமுன் கனவான்களும் சீமாட்டிகளும் வரிசையாக நின்று, விரல் நுனி மட்டும் தொட ஆடுவர். வால்ட்ஸிலோ ஒருவரையொருவர் அணைத்துச் சுழலவேண்டும். இங்கிலாந்தின் அரச விருந்தொன்றில் அது புகுந்தபோது, 1816 யூலையில் 'டைம்ஸ்' பத்திரிகை வெகுண்டு கண்டித்து எழுதியது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1913 இல், டாங்கோ ஐரோப்பாவை ஆட்கொண்டபோது, ஜேர்மானியச் சக்கரவர்த்தி இரண்டாம் வில்ஹெல்ம் தம் படை அதிகாரிகள் சீருடையில் அதனை ஆடலாகாதெனத் தடைவிதித்தார். இன்று வால்ட்ஸைக் காட்டிலும் மரியாதையான ஆட்டம் அங்கே இல்லை. டாங்கோவையோ யுனெஸ்கோ நிறுவனம் 2009 இல் ஆர்ஜென்டீனா, உருகுவே ஆகிய இரு நாடுகளுக்கும் உரிய பண்பாட்டுச் செல்வமாகத் தன் பட்டியலிற் சேர்த்துக்கொண்டது.

கூச்சத்தில் நமக்கு அண்மையில் நிற்போர் யப்பானியர். பிறர் காணக் கணவனும் மனைவியும் கைகோத்து நிற்பதையே நாணத்துக்குரியதாகக் கொண்ட சமூகம் அது. 1996 இல் மசாயுகி சுவோ நெறிப்படுத்திய 'ஷல் வீ டான்ஸ்' என்னும் யப்பானியத் திரைப்படத்தில், நடுத்தர வயதுக் கணக்காளர் ஒருவர் மனைவிக்கும் தெரியாமல் ஆடல் பயிலச் செல்கிறார். மனைவி ஐயுற்றுத் துப்பறிவாளரை அமர்த்துகிறாள். மனைவியை வீட்டில் விட்டுவிட்டுத் தாம் மட்டும் போனதே அம்மனிதர் செய்த பிழை என்பது என் கருத்து.

நம் மரபிற் குரவையாடுவோர் கைகோத்துக் கூட்டமாக ஆடினர். திருவாலங்காட்டிற் சிவனும் காளியும் ஆடியதோ போட்டி நடனம். அதில் ஒருவர் வெல்ல மற்றவர் தோற்றார். சோடி சோடியாய் ஆடுவதை ஈழத்திற் காணவிரும்புவோர் மட்டக்களப்புப் பறங்கியரின் திருமண வீட்டுக்குச் செல்லவேண்டும். போர்த்துக்கேயர் வழிவந்த கஃபிரிஞ்ஞாவையும், ஐரோப்பிய மண்டபங்களிற் பெரும்பாலும் வழக்கொழிந்த லான்சர்ஸ் என்னும் ஆட்டத்தையும் அவர்கள் வயலின் இசைக்கு ஆடி வந்துள்ளனர்.

இனி நண்பர் கதைக்கு வருவோம். மகள் தெரிந்தெடுத்தது சல்சா. இளைஞர் பலரும் அதனையே நாடுவர். கியூபாவின் 'சொன்' இசையை வேராகக் கொண்டு, கியூபாவிலிருந்தும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் குடியேறியோர் வாழ்ந்த நியூயோர்க் தெருக்களில் 1960களிலும் 1970களிலும் அது உருப்பெற்றது. எண்ணிக்கை எட்டு. ஒன்று, இரண்டு, மூன்று என அடி வைத்து நான்கில் நிறுத்தவேண்டும். ஐந்து, ஆறு, ஏழு என வைத்து எட்டில் நிறுத்தவேண்டும். ஆதி தாளத்தில் ஊறிய அம்மையாருக்கு எட்டு எண்ணிக்கை ஒரு பொருட்டன்று. நண்பருக்கோ நான்கிலும் எட்டிலும் கால் தானாகவே எழுந்தது. பாட்டின் வேகமோ பெரிது. பிழையை உணர்வதற்குள் அடுத்த அடி வந்துவிடும். அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுப்பார்; அம்மையார், "இப்ப இல்லை, இப்ப இல்லை" என்பார். மூன்றாவது கிழமை வகுப்பு முடிந்து வீடு திரும்பும்போது காரில் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். "முந்திப் பேசாமல் இருந்தது பழக்கத்தாலை, அண்டைக்குப் பேசாமல் வந்தது கோபத்தாலை. அதுவும் ஒரு முன்னேற்றந்தான்" என்று நண்பர் சிரித்தார்.

சல்சா தீய ஆட்டம் என்று இதனாற் கொள்ளலாகாது. பாய் விரிக்கும் அளவு இடம் அதற்குப் போதும். வகுப்பிற் சோடி மாறி மாறி ஆடுவதால் நாலு பேருடைய பழக்கமும் கிட்டும். ஆயின், தாள உணர்வு இருவரிடத்தும் ஏறத்தாழ ஒத்திருத்தல் வேண்டும். ஒருவர் வித்துவானும் மற்றவர் எண்ணத் தடுமாறுபவருமாயின், வேகமான ஆட்டம் அவ்விருவரையும் விரைவிற் பிரித்துவிடும்.

பெரும்பாலோர் ஆட்டத்தைத் தெரிவது சினிமாவைப் பார்த்தோ, பாட்டின் இனிமையைக் கேட்டோ ஆகும். ஓர் ஆட்டம் நம் இருவரிடத்தும் எதனை வேண்டி நிற்கின்றது என்று எவரும் கேட்பதில்லை. எவ்வளவு நெருங்கி நிற்கவேண்டும், எவ்வளவு விரைவிற் சிந்திக்கவேண்டும், அடுத்த அடியைத் தீர்மானிப்பவர் யார் என்பனவே கேட்கத்தக்க வினாக்கள். இவற்றுள் மூன்றாவதுதான் இல்லறத்தில் வில்லங்கமானது. சோடி ஆட்டங்களில் ஒருவர் வழிநடத்த மற்றவர் தொடர்தல் மரபு. வழிநடத்தல் என்பது கையைப் பிடித்து இழுப்பதன்று. வழிநடத்துபவர் தம் உடற் பாரத்தை முதலிற் பெயர்க்க, அப்பெயர்ச்சி கை வழியாகவும் தோள் வழியாகவும் மற்றவருக்கு எட்டும். தொடர்பவரும் பொம்மையல்லர், தம் நிறையைத் தம் காலிலேயே தாங்கி அடியை முடிப்பவர் அவர். வால்ட்ஸில் ஆண் இடக்காலை முன்வைக்கப் பெண் வலக்காலைப் பின்வைக்கிறாள். தன் பின்னால் வருவது அவளுக்குத் தெரியாது. சுவர் இருக்கிறதா, வேறொரு சோடி இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பு அவனுடையது. அவனும் பார்க்காவிடின் இருவருமே விழுவர்.

ஆண்தான் வழிநடத்தவேண்டும் என்ற கட்டாயம் இக்காலத்திற் பல வகுப்புகளில் இல்லை. புவனஸ் அயர்ஸ் நகரில் டாங்கோ வளர்ந்த நாட்களில் ஆண்கள் தமக்குள்ளேயே ஒருவர்க்கொருவர் சோடியாகிப் பழகினர். தொடர்ந்து பழகியவனுக்கே வழிநடத்தும் நுட்பம் விளங்கிற்று. நம் கணவன்மாரும் ஒரு கிழமையேனும் தொடர்ந்து பார்ப்பது நன்று.

டாங்கோ என்றதும் ஓர் எச்சரிக்கை சொல்லவேண்டும். அதற்குக் கட்டளைப்பட்ட அடிவரிசை கிடையாது. இசையைக் கேட்டு அவ்வப்போது கற்பனையால் அமைத்து ஆடுவது; ஒருவாறு நம் இராக ஆலாபனை போன்றது. முதன் மாதங்கள் சேர்ந்து நடக்கப் பழகுவதிலேயே கழியும். பொறுமையுள்ள தம்பதிகளுக்கு அதனிலும் ஆழமான ஆட்டம் இல்லை என்பேன். ஆனால் அதில் நெஞ்சுக்கு நெஞ்சு அணுகி நிற்கவேண்டும். மனத்தாங்கலோடு சென்றவர்களை அந்த அணைப்பே காட்டிக்கொடுத்துவிடும். நியூயோர்க் ஹார்லெம் பகுதியில் 1926 இல் திறக்கப்பட்ட சவோய் மண்டபத்திற் புகழ்பெற்ற லிண்டி ஹொப், முழங்கால் உறுதியுள்ளோர்க்கே உரியது. 1950களின் தொடக்கத்தில் ஹவானாவில் என்ரிக்கே ஹொரின் ஆக்கிய இசையோடு பிறந்த சா-சா-சா, விளையாட்டு மனமுள்ளோர்க்கு ஏற்றது.

நண்பர் தம்பதியர் வகுப்பையே விட்டுவிட எண்ணிய வேளையில், ஆசிரியை அவர்களை வேறொரு நாளின் வகுப்புக்கு மாற்றினார். அது மெதுவான வால்ட்ஸ். வியன்னா நகரத்து வால்ட்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தாளவட்டம் ஓடும். ஆங்கிலேயர் வகுத்த மெதுவான வகை 30 ஐத் தாண்டாது. ஒவ்வோர் அடிக்கும் முன்னர் ஒரு கணம் சிந்திக்க இடமுண்டு. 1920களில் இலண்டன் ஆசிரியர்கள் கூடி அடிகளை வரையறுத்தமையால், பாடம் ஒழுங்கானது. தரையிற் சதுரம் வரைந்தாற்போல் முன்னே, பக்கம், சேர். பின்னே, பக்கம், சேர். முதல் மாலையிலேயே இது கைகூடும். இடர் ஒன்றுண்டு. எண்ணிக்கை மூன்று, காலோ இரண்டு. ஆகவே முதல் வட்டத்தை இடக்காலில் தொடங்கினால் அடுத்த வட்டம் வலக்காலில் தொடங்கும். கணக்காய்வாளராகிய நண்பருக்கு இது பிடித்துப்போயிற்று. இது தாளமன்று, கணக்கு என்று தமக்குள் சொல்லிக்கொண்டாராம்.

ஒரு மாலை நானும் உடன்சென்று சுவரோரக் கதிரையில் அமர்ந்திருந்தேன். பாடசாலை மண்டபம், பலகைத் தரை, பன்னிரண்டு சோடிகள். எழுபது வயதைத் தாண்டிய இணையரும் அங்கிருந்தனர். ஆசிரியையின் சட்டம் ஒன்றே: ஆடும்போது ஒருவரையொருவர் திருத்தலாகாது. பிழை வந்தாற் சிரிக்கலாம். திருத்துவது தம் வேலை, அதற்கே தமக்குச் சம்பளம் என்றார். இருபது ஆண்டுகளாகச் சிவப்பு மையோடு வாழும் எனக்கு அச்சொல் எங்கோ தைத்தது. நண்பரின் உதடுகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று முணுமுணுத்தபடி இருந்தன. மூலையிலே திரும்பவேண்டிய இடத்தில் அவர் கணக்கை விட்டார்; மற்றொரு சோடியின்மீது மோதினர். அம்மையார் வாய் திறந்தார். நான் "இப்ப இல்லை" என்ற சொல்லை எதிர்பார்த்தேன். அவர் சிரித்துவிட்டார். கண்களை மூடிக்கொண்டு, கணவரின் தோளில் வைத்த கையை எடாமல், அவர் மீண்டும் கணக்கைப் பிடிக்கும்வரை காத்து நின்றார். பின்னர் பாட்டு முடியும்வரை அவர்கள் நிற்கவில்லை.

வீடு திரும்பும்போது நான் பின்னாசனத்தில் இருந்தேன். எந்த மூலையில் எந்தக் கால் என்று முன்னாலிருந்த இருவரும் வழிநெடுக வாதாடினர். இடையிலே ஒரு சொல் நுழைக்க எனக்கு வழி கிடைக்கவில்லை.

ஆடலால் உடம்புக்கு வரும் நன்மை எத்தகையது என்று சிலர் கேட்பர். அமெரிக்காவில் 75 வயதைக் கடந்த 469 பேரை ஆண்டுக்கணக்கிற் கவனித்த ஆய்வொன்று 2003 இல் வெளியாயிற்று. உடலை அசைக்கும் பொழுதுபோக்குகளுள் ஆடல் ஒன்றே மறதிநோய் குறைவதோடு தொடர்புற்றிருந்ததாக அதிற் கூறப்பட்டது. ஆடலால் நோய் தடைப்பட்டதோ, நோயற்றிருந்தோரே ஆட வந்தனரோ என்பதை அத்தகைய ஆய்வு தீர்த்துச் சொல்லாது. மருந்தென எண்ணி எவரும் ஆட்டத்தில் இறங்கவேண்டியதில்லை. தோற்சப்பாத்து ஒரு சோடியும், நாளொன்றுக்குப் பத்து நிமிடமும், மேசை கதிரைகளை ஒதுக்கிய ஒரு கூடமும் இருந்தாற் போதும்.

ஊர் திரும்பியபின் இவையனைத்தையும் என் மனையாளுக்கு விரித்துரைத்தேன். "பஸ்ஸிலை ஏறேக்கையே எந்தக் காலை முதல் வைக்கிறதெண்டு உங்களுக்குத் தெரியாது, இதுக்குள்ளை ஆட்டமோ?" என்று அவள் எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் கழிந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தபின், கை ஈரத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்தபடி குசினி வாசலில் வந்து நின்றாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மூண்டு எண்ணிக்கையிலை பொம்பிளை முதல் வைக்கிறது எந்தக் கால் எண்டு சொன்னனீங்கள்?"