ஏழரை விழுக்காட்டு இடத்துக்கு ஏழாண்டுச் சான்று

தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கென்று தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. மருத்துவம், பல் மருத்துவம், இந்திய மருத்துவம், ஓமியோபதி ஆகிய படிப்புகளுக்கு 2020-இலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் போன்றவற்றுக்கு 2021-இலும் தனித்தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. இந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவரின் படிப்புச் செலவை அரசே ஏற்றுக்கொள்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை ஒரு ரூபாய் கட்டணம் இல்லாமல் பொறியாளராகவோ மருத்துவராகவோ ஆவதற்கு இன்று இருக்கும் நேரான வழி இதுதான். ஆனால் மதிப்பெண் போதுமானதாக இருந்தும் காகிதம் சரியில்லாததால் இந்த வழி அடைபட்டுப் போகக்கூடும். அதனால் விண்ணப்பம் என்பதை மே மாதத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து செய்யும் வேலையாக மட்டும் எண்ணக் கூடாது. அது பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டியது.

ஒதுக்கீட்டின் பின்னணி சுருக்கமானது. 2017-இல் தமிழ்நாட்டில் நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தபின், மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்த அரசுப் பள்ளி மாணவர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகள் ஒற்றை இலக்கத்தில் நின்றது. ஓய்வுபெற்ற நீதிபதி பி. கலையரசன் தலைமையிலான ஆணையம் 10 விழுக்காடு ஒதுக்கலாம் என்று பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியும் ஆளுநரின் ஒப்புதலுக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. கலந்தாய்வு நெருங்கியதால் 2020 அக்டோபர் 29 அன்று அரசு ஒதுக்கீட்டை ஆணையாகவே வெளியிட்டது. மறுநாள் ஒப்புதலும் வந்தது. முதல் ஆண்டிலேயே எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இரண்டும் சேர்த்து 400-க்கு மேற்பட்ட இடங்கள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன. நீதிபதி டி. முருகேசன் ஆணையத்தின் அறிக்கைக்குப் பிறகு பொறியியல் உள்ளிட்ட மற்றப் படிப்புகளுக்கும் ஒதுக்கீடு நீண்டது. மருத்துவப் படிப்புக்கான ஒதுக்கீட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2022 ஏப்ரலில் செல்லும் என்று உறுதி செய்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் மறுஆய்வு செய்யவும் சொன்னது.

யாருக்கு உரிமை என்பதில்தான் பெரும்பாலான குடும்பங்கள் தடுமாறுகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை, ஏழு ஆண்டுகளும், மாநில அரசின் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி, நகராட்சிப் பள்ளி, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலப் பள்ளி, கள்ளர் சீரமைப்புப் பள்ளி, வனத்துறைப் பள்ளி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மத்திய அரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயா சேராது. இடையில் ஒரே ஓர் ஆண்டு தனியார் பள்ளியில் படித்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாலும் உரிமை போய்விடும். ஏழாம் வகுப்பில் கையில் கொஞ்சம் பணம் புரண்டபோது ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்த்து, கட்ட முடியாமல் மறு ஆண்டே திரும்ப அழைத்து வந்த பெற்றோருக்கு இந்த விதி பன்னிரண்டாம் வகுப்பில்தான் தெரியவருகிறது. விதிவிலக்கு ஒன்று உண்டு. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவருக்கும் ஒதுக்கீடு பொருந்தும்.

அரசு உதவிபெறும் பள்ளிகள் இந்தக் கணக்கில் இல்லை. இது கசப்பான விதி. பல ஊர்களில் உதவிபெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கும் வீட்டு நிலையில் வேறுபாடு ஏதுமில்லை. சத்துணவும் இலவசப் பாடநூலும் இருவருக்கும் ஒன்றுதான். ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பள்ளி என்று முடிவெடுக்கும் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டிய பொறுப்பு தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இருக்கிறது.

தகுதி உண்டென்றால் அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். அதற்கான ஆவணம் பள்ளிப் படிப்புச் சான்று, பேச்சில் போனஃபைடு. ஆறு, ஏழு, எட்டு என்று வகுப்பு வாரியாக வரிசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே படித்த ஆண்டு, பள்ளியின் பெயர், ஊர், மாவட்டம் எழுதித் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இடுவார். பார்க்க எளிய ஒற்றைத் தாள். ஆனால் கிராமத்துப் பிள்ளை பெரும்பாலும் எட்டு வரை ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியிலும், பத்து வரை பக்கத்து ஊர் உயர்நிலைப் பள்ளியிலும், அதன்பின் பேருந்து ஏறிப்போய் மேல்நிலைப் பள்ளியிலும் படித்திருக்கும். மூன்று பள்ளி, மூன்று பதிவேடு. எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் இணையப் பதிவில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருப்பதால் இந்த விவரங்களை இப்போது ஒரே இடத்தில் பார்க்க முடிகிறது. அங்கே ஓர் ஆண்டு விடுபட்டிருந்தாலோ பள்ளி மாறிப் பதிவாகியிருந்தாலோ திருத்துவதற்குப் பதினொன்றாம் வகுப்பின் கோடை விடுமுறைதான் நல்ல காலம். தேர்வு முடிவு வந்த வாரத்தில் எல்லாப் பள்ளி அலுவலகங்களிலும் மாற்றுச் சான்றிதழுக்குக் கூட்டம் நிற்கும். சான்றை எந்த வடிவத்தில், யார் கையெழுத்துடன் தர வேண்டும் என்பதை அந்தந்த ஆண்டின் தகவல் குறிப்பேட்டைப் பார்த்தே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

பெயர் இன்னொரு தொல்லை. மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால். சாதிச் சான்றில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்துக் கூடுதல். வங்கிக் கணக்கில் இனிஷியலே இல்லை. சான்றிதழ் சரிபார்ப்பில் விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இத்தகைய சில்லறை வேறுபாடுகளே போதும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்ற எல்லாவற்றையும் முன்கூட்டியே திருத்திக்கொள்வது பின்னால் பல அலைச்சலை மிச்சப்படுத்தும்.

வருவாய்த் துறையிடமிருந்து வாங்க வேண்டிய சான்றுகள் வேறு. 7.5 விழுக்காட்டுக்குள்ளும் வகுப்புவாரி இட ஒதுக்கீடு பின்பற்றப்படுவதால் சாதிச் சான்று தேவை. உதவித்தொகைக்கு வருமானச் சான்று வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவர் முதல் பட்டதாரி சான்றும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. இவற்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து அறிக்கை எழுதி, வருவாய் ஆய்வாளர் பார்த்து, வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒப்புதலாகும். கைபேசிக்குக் குறுஞ்செய்தி வந்ததும் சான்றைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். பழங்குடியினர் சான்று மட்டும் வட்டாட்சியரோடு முடிவதில்லை. கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர் வரை போக வேண்டும். விசாரணை நீளும். மலைக் கிராமங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் பிள்ளைகள் கல்லூரி இடத்தை இழப்பதற்கு இந்தத் தாமதம் காரணமாகிறது. அவர்கள் ஓராண்டு முன்னதாகவே தொடங்கிவிட வேண்டும்.

முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-இல் தொடங்கியது. சாதியோ வருமானமோ இதற்குத் தடையில்லை. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு மட்டுமே கிடைக்கும். அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேருவோருக்குத்தான் செல்லும், நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேருவோருக்குச் செல்லாது. 7.5-இல் வராத உதவிபெறும் பள்ளிப் பிள்ளைக்குக் கைகொடுப்பது இந்தச் சான்றுதான்.

இனி விண்ணப்பம். பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-இலிருந்து இல்லை. கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் முழு நூறும், இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியும். கணிதத்தில் 92, இயற்பியலில் 80, வேதியியலில் 86 வாங்கியவரின் கட்-ஆஃப் 92, 40, 43 மூன்றும் கூடி 175. இருவர் சமமாக நின்றால் கணித மதிப்பெண், இயற்பியல் மதிப்பெண், பிறந்த தேதி முதலியவற்றைப் பார்த்து, கடைசியில் ரேண்டம் எண்ணால் முடிவாகும். கலந்தாய்வு 2018-இலிருந்து இணையவழியில் நடக்கிறது. வீட்டில் கணினி இல்லாதவர்கள் மாவட்டந்தோறும் உள்ள உதவி மையங்களுக்குப் போய் விண்ணப்பிக்கலாம். சான்றிதழ் சரிபார்ப்பிலும் அந்த மையத்தினர் உதவுவார்கள். விண்ணப்பத்தில் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்று குறிக்காமல் விட்டால், எத்தனை சான்று கையில் இருந்தும் பெயர் 7.5 பட்டியலில் வராது. தரவரிசைப் பட்டியல் வந்ததும் அதில் பெயர் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் குறை தெரிவிக்க உள்ள நாட்களுக்குள் முறையிட வேண்டும். இந்தப் பட்டியலில் இருப்பவர் பொதுப் பட்டியலிலும் போட்டியிடலாம்.

கல்லூரி விருப்பப் பட்டியலுக்குச் சில நாட்களே அவகாசம். எத்தனை கல்லூரி வேண்டுமானாலும் எழுதலாம், வரம்பில்லை. முதல் தலைமுறைப் பிள்ளைகளோ வீட்டுக்குப் பக்கத்தில் பெயர் தெரிந்த நாலைந்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். தங்கள் கட்-ஆஃபுக்குப் பொதுப் பிரிவில் கிடைக்காத நல்ல கல்லூரி 7.5 பிரிவில் கிடைக்கக்கூடும் என்பதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டு எந்த மதிப்பெண் வரை எந்தக் கல்லூரி போனது என்ற பட்டியலைப் பார்த்து, எட்டாது என்று தோன்றுவதையும் மேலே எழுதி, நிச்சயம் கிடைப்பதைக் கீழே வைத்து நீளமாக நிரப்புவதே சரி. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் ஏற்றுச் சேர்வதா, ஏற்றுக்கொண்டு மேலிருக்கும் விருப்பத்துக்குக் காத்திருப்பதா என்பதை இணையத்தில் குறித்த நேரத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். கைபேசியில் ரீசார்ஜ் தீர்ந்துபோனது என்ற காரணம் எடுபடாது.

மருத்துவத்துக்கு நீட் தேர்வில் தகுதி பெற்றிருப்பது கட்டாயம். அதன்பின் மருத்துவக் கல்வித் தேர்வுக்குழுவிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்றவற்றுக்கும் தனித்தனி விண்ணப்பங்கள்; அதே சான்றுகள்தாம், நகல்களும் ஸ்கேன் செய்த கோப்புகளும் தயாராக இருந்தால் போதும்.

7.5-இல் பொறியியல் போன்ற படிப்புகளில் சேர்ந்தவரின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசு தரும் என்று 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அறிவித்தார். மருத்துவத்துக்கு முந்தைய அரசே 2020-இல் அவ்வாறு அறிவித்திருந்தது. ஆகவே தனியார் கல்லூரியே ஆனாலும் இந்த மாணவரிடம் கட்டணம் கேட்கக் கூடாது. அரசுப் பணம் இன்னும் வரவில்லை, இப்போதைக்குக் கட்டுங்கள் என்று யாராவது சொன்னால் கடன் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை. ஒதுக்கீட்டு ஆணையின் நகலோடு கலந்தாய்வை நடத்தும் துறைக்கு எழுத்தில் புகார் தரலாம்.

புத்தகத்துக்கும் பேருந்துக்கும் கைச்செலவு இருக்கத்தான் செய்யும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பட்டது. ஆண் மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் இவற்றில் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். வேறு உதவித்தொகை பெற்றாலும் இதையும் பெறலாம். விண்ணப்பம் கல்லூரி வழியாகவே போகிறது. பணம் மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேராக வருவதால், கணக்கு அவர் பெயரில் இருந்து ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும்.