அடக்கமா? அச்சமா?

மாலையில் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் ஒருவர், "மேலதிகாரி போட்ட கணக்கில் பிழை இருந்தது. எனக்குத் தெரியும். ஆனால் நான் வாய் திறக்கவில்லை. நமக்கேன் வீண் வம்பு?" என்று கூறுவதை நம்மில் பலர் கேட்டிருப்போம். இதனை அடக்கம் என்கிறோம். பெரியவர்களுக்குக் காட்டும் மரியாதை என்றும் எண்ணுகிறோம். உண்மையில் அது அடக்கந்தானா, அன்றி அச்சமா? பலர் கூடிச் செய்யும் தொழிலில் இக்கேள்வி சில வேளைகளில் உயிர்ப் பிரச்சினையாகவே ஆகிவிடுகிறது. விமானத் துறையில் நிகழ்ந்த இரு விபத்துகள் இதனை நமக்குத் தெளிவாக உணர்த்துகின்றன.

1978-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் மாலை, யுனைட்டெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று 189 பேருடன் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரை நெருங்கியது. சக்கரங்களை இறக்கியபோது வழக்கத்துக்கு மாறான அதிர்ச்சி ஏற்பட்டது. அவை உரியவாறு இறங்கிவிட்டன என்று காட்டவேண்டிய விளக்கும் எரியவில்லை. தலைமை விமானி 27,000 மணி நேரத்துக்கு மேல் பறந்து பழகியவர். சிக்கலை ஆராயவும், பயணிகளை ஆயத்தப்படுத்தவும் எண்ணி, ஏறத்தாழ ஒரு மணி நேரம் விமானத்தை வானிலேயே வட்டமிடச் செய்தார். எரிபொருளோ குறைந்துகொண்டே வந்தது. துணை விமானியும் விமானப் பொறியாளரும் இதனை அறிந்திருந்தனர். பேச்சோடு பேச்சாகச் சொல்லவும் செய்தனர். ஆனால், "இப்பொழுதே இறங்கியாக வேண்டும்" என்று எவரும் அழுத்திக் கூறவில்லை. தலைவரின் கவனமெல்லாம் சக்கரங்களின் மீதே இருந்தது. இறுதியில் எரிபொருள் தீர்ந்து இயந்திரங்கள் நின்றன. விமான நிலையத்தை எட்டுமுன்பே விமானம் புறநகர்ப் பகுதியில் விழுந்தது. பத்துப் பேர் மாண்டனர். அப்பொறியாளரும் அவர்களுள் ஒருவர். சக்கரங்களோ சரியாகவே இறங்கியிருந்தன!

விசாரணையில் குறை இருபுறமும் காணப்பட்டது. துணைவர்கள் கூறியதைத் தலைவர் செவியில் வாங்கவில்லை. துணைவர்களும் தம் கவலையை உரியவாறு உணர்த்தவில்லை. இதன்பின் 1981-இல் அதே நிறுவனம் தன் விமானிகளுக்குப் புதியதொரு பயிற்சியைத் தொடங்கியது. விமானம் ஓட்டும் பயிற்சியன்று அது. ஒருவரோடொருவர் பேசவும், ஒருவருக்கொருவர் செவிமடுக்கவும் கற்பிக்கும் பயிற்சி.

அதன் பயன் 1989-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் தெரிந்தது. அதே நிறுவனத்தின் மற்றொரு விமானத்தில் வால்புற இயந்திரம் வெடித்து, விமானத்தைத் திருப்பும் சாதனங்கள் அனைத்தும் செயலிழந்தன. தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ், 'எல்லாம் எனக்குத் தெரியும்' என்று இருக்கவில்லை. துணைவர்களின் கருத்தைக் கேட்டார். பயணிகளுள் ஒருவராக வந்திருந்த பயிற்சி விமானி ஒருவர் உதவ முன்வந்தபோது, அவரையும் மகிழ்வுடன் சேர்த்துக்கொண்டார். எஞ்சிய இரு இயந்திரங்களின் வேகத்தைக் கூட்டியும் குறைத்துமே 44 நிமிடங்கள் போராடி, சூ சிட்டி ஓடுதளத்தை அடைந்தனர். விமானம் நொறுங்கியது, 112 பேர் உயிரிழந்தனர். ஆயினும் 296 பேரில் 184 பேர் பிழைத்தனர். தங்கள் நால்வரின் பறக்கும் அனுபவமும் சேர்ந்தால் 103 ஆண்டுகள். எனினும் இத்தகைய நிலையைச் சமாளிக்க ஒரு நிமிடமேனும் எவரும் பயின்றதில்லை என்று ஹெய்ன்ஸ் பின்னர்க் கூறினார். தனியொருவரின் திறமைக்கு எட்டாததை நால்வரின் ஒற்றுமை ஓரளவேனும் சாதித்தது.

மருத்துவத் துறையும் இப்பாடத்தைக் கற்றது. உலகச் சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கென ஒரு சரிபார்ப்புப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைப்பதற்குமுன் மருத்துவர், மயக்க மருந்து கொடுப்பவர், செவிலியர் ஆகிய அனைவரும் தத்தம் பெயரையும் பணியையும் கூறவேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. பெயர் சொல்லி வாய் திறந்தவர், தவறு கண்டபோதும் வாய் திறப்பார் அன்றோ? புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைக் கையாண்டபோது, அறுவைக்குப்பின் இறந்தோர் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தனர்.

நம் பணியிடங்களிலும் இதனைக் கடைப்பிடிக்கலாகாதா? தலைமைப் பொறுப்பிலிருப்போர் தம் முடிவைக் கூறுமுன் பிறர் கருத்தைக் கேட்கட்டும். பிழையைச் சுட்டியவருக்கு நன்றி கூறட்டும். அவர் சொன்னது தவறாக இருப்பினும் பலர்முன் இகழாதிருக்கட்டும். கீழே பணிபுரிவோர் சாடையாகப் பேசாமல், தாம் கண்டது என்ன, அதனால் விளையும் தீங்கு என்ன, செய்யவேண்டியது என்ன என்பதைப் பணிவோடும் தெளிவோடும் எடுத்துரைக்கட்டும். கேட்டவர், தாம் கேட்டதைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்ளட்டும். நம்பிக்கை ஒரே நாளில் முளைப்பதன்று. இத்தகைய சிறு செயல்களாலேயே நாள்தோறும் வளர்வது.

இதற்கான முதற்பள்ளி நம் இல்லமே. கைதவறிப் பாத்திரத்தை உடைத்த பிள்ளை தானே வந்து உண்மை சொல்லும்போது, அடி கிடைத்தால் அது மறைக்கக் கற்றுக்கொள்கிறது. அன்பான சொல் கிடைத்தால் மனந்திறக்கக் கற்றுக்கொள்கிறது. நாளை ஒரு தொழிற்சாலையிலோ, மருத்துவமனையிலோ ஆபத்தைக் கண்டு குரல் கொடுக்கப்போவதும், கண்டும் காணாததுபோல் இருந்துவிடப்போவதும் அந்தப் பிள்ளைதான். பணிந்து பேசுதல் அடக்கம். பேசவேண்டிய நேரத்தில் பேசாதிருத்தல் அச்சமே. இவ்வேறுபாட்டை நம் பிள்ளைகள் நம்மிடமிருந்தே கற்கட்டும்.