ரிம்பயர் போட்டித் துப்பாக்கிக்கான ஸ்கோப்

ரிம்பயர் போட்டித் துப்பாக்கிக்கான ஸ்கோப் என்பது, .22 லாங் ரைபிள் போன்ற சிறு தோட்டாக்களைச் சுடும் ரைபிள் துப்பாக்கியின் மேல் பொருத்தி, இலக்கைப் பெரிதாக்கிக் குறிபார்க்க உதவும் சிறு தொலைநோக்கி ஆகும். இதனுள் உள்ள குறுக்கிழையை இலக்கின் மீது பொருத்திச் சுடுவர். போட்டிக்குப் புதியவர்கள் குறைந்த செலவில் ஸ்கோப் வாங்கும்போது பெரும்பாலும் உருப்பெருக்க எண்ணையே முதலில் பார்க்கின்றனர். ஆனால் ரிம்பயர் போட்டிகளில் இலக்குகள் அண்மையில் இருப்பதாலும், குண்டு மெதுவாகச் செல்வதாலும், வேறு இரண்டு பண்புகளே முதன்மை பெறுகின்றன. அவை இடமாறு தோற்றப் பிழையை அண்மைத் தொலைவில் நீக்கும் வசதியும், திருகுக் குமிழ்களின் நம்பகத் தன்மையும் ஆகும்.

பின்னணி

தோட்டாவின் அடிப்பகுதியில் உள்ள விளிம்புக்குள் தீமூட்டும் கலவை வைக்கப்பட்டிருக்கும் வகையே ரிம்பயர் எனப்படுகிறது. துப்பாக்கியின் ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது கலவை தீப்பற்றி வெடிமருந்தை எரிக்கிறது. இவ்வகையில் மிகப் பரவலாகப் பயன்படும் .22 லாங் ரைபிள் தோட்டா, அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் 1887 ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தப்பட்டது. இதன் குண்டு பொதுவாக 40 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.6 கிராம் எடை கொண்டது. போட்டிக்கான தோட்டாக்களில் குண்டு ஒலியின் வேகத்தை விடச் சற்றுக் குறைவாக, நொடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகத்தில் குழலை விட்டு வெளியேறும். பின்னுதைப்பு மிகக் குறைவு.

ஒரு காலத்தில் ஸ்கோப் விலை மிகுந்த பொருளாக இருந்தது. அமெரிக்கரான வில்லியம் வீவர் 1930 இல் 19 டாலர் விலையில் வெளியிட்ட 330 என்னும் மாதிரி, எளிய மக்களுக்கும் அதனைக் கிட்டச் செய்தது.

ஸ்கோப் அனுமதிக்கப்படும் போட்டிகள்

ஸ்கோப் வாங்குவதற்கு முன் பங்கேற்கவுள்ள போட்டியின் விதிகளைப் படிப்பது இன்றியமையாதது. பன்னாட்டுத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் 50 மீட்டர் ரைபிள் போட்டிகளில் .22 லாங் ரைபிள் தோட்டாவே பயன்படுகிறது. எனினும் அங்கு ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சிறு துளை வழியே பார்க்கும் குறிகாட்டியையே பயன்படுத்த வேண்டும். 2024 பாரிசு ஒலிம்பிக்கில் இந்தியாவின் சுவப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது இம்முறையில்தான்.

ஸ்கோப் பயன்படும் ரிம்பயர் போட்டிகள் அமெரிக்காவில் பெருமளவில் நடைபெறுகின்றன. அவற்றை இரண்டு வகைகளாகப் பார்க்கலாம்.

* பெஞ்ச்ரெஸ்ட்: துப்பாக்கியை மேசை மீது தாங்கியில் வைத்து, 50 கெஜம் அல்லது 50 மீட்டர் தொலைவில் உள்ள தாள் அட்டையில் பல சிறு குறிகளைச் சுடுவது. தொலைவு மாறுவதில்லை. சில பிரிவுகளில் உருப்பெருக்கத்துக்கு வரம்பு உண்டு.
* துல்லிய ரிம்பயர்: தடுப்புகள், ஏணிகள் முதலியவற்றில் துப்பாக்கியைச் சாய்த்து, குறுகிய நேரத்துக்குள் வெவ்வேறு தொலைவில் உள்ள சிறு எஃகுத் தட்டுகளைச் சுடுவது. என்.ஆர்.எல்.22 என்னும் தொடரில் இலக்குகள் 100 கெஜத்துக்குள் அமைகின்றன. அதன் அடிப்படைப் பிரிவில் துப்பாக்கி, ஸ்கோப் இரண்டின் கூட்டு விலைக்கு உச்ச வரம்பு விதிக்கப்படுகிறது. பி.ஆர்.எஸ். ரிம்பயர் தொடரில் 200 கெஜத்துக்கும் அப்பால் சுட வேண்டி வரும்.

ஒரு கெஜம் என்பது 0.9144 மீட்டர் ஆகும்.

இடமாறு தோற்றப் பிழை

அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறாகத் தெரிவதைப் பள்ளியில் படித்திருப்போம். ஸ்கோப்பிலும் அதே பிழை நேர்கிறது. பொருளருகு வில்லை இலக்கின் பிம்பத்தை ஸ்கோப்பின் உள்ளே உருவாக்குகிறது. அந்தப் பிம்பம் குறுக்கிழை இருக்கும் தளத்திலேயே விழுந்தால், கண்ணைச் சற்று நகர்த்தினாலும் குறுக்கிழை இலக்கை விட்டு அசையாது. பிம்பம் அத்தளத்துக்கு முன்போ பின்போ விழுந்தால், துப்பாக்கி அசையாமல் இருக்கும்போதே குறுக்கிழை இலக்கின் மேல் நகர்வது போலத் தோன்றும்.

எளிய ஸ்கோப்புகளில் இப்பிழை ஒரு குறிப்பிட்ட தொலைவில் மட்டும் நீங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். பெரிய துப்பாக்கிகளுக்கான ஸ்கோப்புகளில் அத்தொலைவு பெரும்பாலும் 100 அல்லது 150 கெஜம். ரிம்பயர் ஸ்கோப்புகளில் பொதுவாக 50 அல்லது 60 கெஜம். பிழையின் உச்ச அளவைப் பின்வருமாறு கணக்கிடலாம்:

உச்சப் பிழை = (பொருளருகு வில்லையின் விட்டம் ÷ 2) × (இலக்கின் தொலைவுக்கும் பிழை நீங்கும் தொலைவுக்கும் உள்ள வேறுபாடு ÷ பிழை நீங்கும் தொலைவு)

எடுத்துக்காட்டாக, 40 மிமீ வில்லை கொண்ட ஸ்கோப்புகளில் பிழை பின்வருமாறு அமையும்:

* 100 கெஜத்துக்கு அமைத்தது, 25 கெஜ இலக்கு: 15 மிமீ
* 100 கெஜத்துக்கு அமைத்தது, 50 கெஜ இலக்கு: 10 மிமீ
* 50 கெஜத்துக்கு அமைத்தது, 25 கெஜ இலக்கு: 10 மிமீ
* 50 கெஜத்துக்கு அமைத்தது, 50 கெஜ இலக்கு: பிழை இல்லை
* 50 கெஜத்துக்கு அமைத்தது, 100 கெஜ இலக்கு: 20 மிமீ

இவை கண் ஓரத்துக்கு விலகும்போது நேரும் உச்ச அளவுகள். கண்ணை நடுவில் வைத்தால் பிழை மறையும். ஆனால் தடுப்பின் மீது வளைந்து, அவசரமாகக் குறிபார்க்கும் புதியவரின் கண் எப்போதும் நடுவில் இருப்பதில்லை. அரை அங்குல விட்டமுள்ள தட்டின் மையத்தைக் குறிவைப்பவருக்கு 15 மிமீ பிழை, தட்டையே தவறவிடப் போதுமானது. விசையை இழுக்கும் முறையோ மூச்சு விடும் முறையோதான் தவறு என்று எண்ணி, அவர் சரியாக உள்ள பழக்கத்தை மாற்றிக்கொள்ளவும் கூடும். பயிற்சியில் இதுவே பெரிய இழப்பு.

ஆகவே பல தொலைவுகளில் சுடும் போட்டிக்கு, பிழை நீங்கும் தொலைவை மாற்றும் குமிழ் அல்லது வளையம் கொண்ட ஸ்கோப்பே ஏற்றது. அது 25 கெஜம் அல்லது அதற்கும் கீழே இறங்குகிறதா என்பதைப் பார்க்க வேண்டும். ஏத்லான் ஆர்கோஸ் வரிசையின் 6–24×50 மாதிரி 10 கெஜம் முதல் மாற்றத்தக்கது. வோர்டெக்ஸ் கிராஸ்பயர் வரிசையின் 2–7×32 ரிம்பயர் மாதிரி 50 கெஜத்தில் நிலையாக அமைக்கப்பட்டது. 50 கெஜத்தில் மட்டும் சுடுபவருக்குப் பின்னதைப் போன்ற எளிய அமைப்பே போதும்.

குமிழில் எழுதப்பட்டுள்ள தொலைவு எண்களை முழுமையாக நம்பக் கூடாது. துப்பாக்கியை அசையாமல் வைத்து, தலையை மெல்ல நகர்த்தி, குறுக்கிழை இலக்கின் மேல் நகராத நிலை வரும்வரை குமிழைத் திருகுவதே சரியான முறை. அதற்கு முன்பாகக் கண்ணருகு வில்லையைத் திருகிக் குறுக்கிழை கூர்மையாகத் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும்.

கோண அளவும் திருகுக் குமிழ்களும்

ஸ்கோப்பின் மேலும் பக்கத்திலும் உள்ள குமிழ்களைத் திருகினால் குறிபார்க்கும் கோடு ஒரு சிறு கோணம் மாறும். ஒவ்வொரு படியும் 'டிக்' என்ற ஒலியுடன் உணரப்படும். இதனைச் சொடுக்கு எனலாம். இரு வகைக் கோண அளவுகள் வழக்கில் உள்ளன.

* கோண நிமிடம்: ஒரு பாகையில் 60 இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் 29.1 மிமீ. வழக்கமான கால் நிமிடச் சொடுக்கு 100 மீட்டரில் 7.3 மிமீ நகர்த்தும்.
* மில்: ஒரு ரேடியனில் 1000 இல் ஒரு பங்கு. 100 மீட்டரில் 100 மிமீ. வழக்கமான 0.1 மில் சொடுக்கு 100 மீட்டரில் 10 மிமீ நகர்த்தும்.

ஒரு மில் 3.438 கோண நிமிடங்களுக்குச் சமம். இரண்டில் எதுவும் குறைந்ததன்று. ஆனால் குறுக்கிழையில் உள்ள கோடுகளும் குமிழும் ஒரே அளவில் இருக்க வேண்டும். சில மலிவான ஸ்கோப்புகளில் குறுக்கிழை மில் அளவிலும் குமிழ் கோண நிமிடத்திலும் இருக்கும். அவற்றில் போட்டியின் நடுவே மனக்கணக்குப் போட வேண்டி வரும்.

குண்டின் வேகம் குறைவாதலால், ரிம்பயர் போட்டியில் குமிழ்களுக்கு வேலை மிகுதி. 50 கெஜத்தில் சரிசெய்யப்பட்ட துப்பாக்கியில், 100 கெஜத்துக்கு ஏறத்தாழ 7 கோண நிமிடமும், 200 கெஜத்துக்கு ஏறத்தாழ 25 கோண நிமிடமும், 300 கெஜத்துக்கு 48 கோண நிமிடத்தை ஒட்டியும் மேலே ஏற்ற வேண்டும். தோட்டாவைப் பொறுத்து இவை மாறும். மொத்தம் 60 கோண நிமிட நகர்வு கொண்ட ஸ்கோப்பில், நடுவிலிருந்து மேலே 30 மட்டுமே கிடைக்கும். 100 கெஜப் போட்டிக்கு இது தாராளம். 200 கெஜத்துக்கு விளிம்பு நிலை. 300 கெஜத்துக்குப் போதாது. தொலைவில் சுட விரும்புவோர் 20 கோண நிமிடம் சாய்ந்த அடித்தளத்தைப் பொருத்திக் குறையை ஈடுசெய்வர்.

உருப்பெருக்கமும் ஒளியும்

ஸ்கோப்பின் பெயரில் 4–16×44 என்று இருந்தால், உருப்பெருக்கம் 4 முதல் 16 மடங்கு வரை மாறும் என்றும், பொருளருகு வில்லையின் விட்டம் 44 மிமீ என்றும் பொருள். வில்லையின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 40 மிமீ வில்லையில் 10 மடங்கில் இது 4 மிமீ. 20 மடங்கில் 2 மிமீ மட்டுமே. கற்றை சிறுத்தால் காட்சி மங்கும். கண்ணைச் சரியான இடத்தில் வைப்பதும் கடினமாகும். உருப்பெருக்கம் கூடும்போது பார்வைப் பரப்பும் சுருங்குவதால், அடுத்த இலக்கைத் தேடுவதிலேயே நேரம் கழியும்.

துல்லிய ரிம்பயர் போட்டிக்குப் புதியவருக்கு 12 முதல் 16 மடங்கு வரை போதுமானது. நிலையான தாங்கியில் சுடும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டியில் 24 மடங்கும் அதற்கு மேலும் பயன் தரும்.

உருப்பெருக்கம் மாறும் ஸ்கோப்பில் குறுக்கிழை இரு இடங்களில் அமையலாம். முதல் குவியத் தளத்தில் இருந்தால், உருப்பெருக்கத்துடன் குறுக்கிழையும் பெரிதாகும். அதன் கோடுகள் எல்லா நிலையிலும் சரியான கோணத்தைக் காட்டும். இரண்டாம் குவியத் தளத்தில் இருந்தால் அதன் தோற்ற அளவு மாறாது. கோடுகளின் கோண அளவு ஒரு குறிப்பிட்ட உருப்பெருக்கத்தில் மட்டுமே சரியாக இருக்கும். இது பொதுவாக விலை குறைவு. குமிழைத் திருகியே சுடுபவருக்கும், எப்போதும் ஒரே உருப்பெருக்கத்தில் சுடுபவருக்கும் இரண்டாவது வகை குறையாகாது.

வாங்கிய பின் சோதித்தல்

மலிவான ஸ்கோப்பில் குமிழ் சொல்வது ஒன்றும் குறிக்கோடு நகர்வது ஒன்றுமாக இருக்கக்கூடும். இதனைத் தோட்டா செலவின்றியே சோதிக்கலாம்.

# துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை உறுதிசெய்து, சுடுதளத்தில் அதனை அசையாமல் இறுகப் பொருத்தவும்.
# 50 மீட்டரில் அளவுகள் வரைந்த தாளை வைத்து, குறுக்கிழையை ஒரு கோட்டில் பொருத்தவும்.
# 20 கோண நிமிடம் திருகவும். குறுக்கிழை 291 மிமீ நகர வேண்டும்.
# பழைய நிலைக்குத் திருப்பவும். குறுக்கிழை தொடங்கிய கோட்டுக்கே திரும்ப வேண்டும். பலமுறை இதனைச் செய்து பார்க்கவும்.

நகர்வு 282 மிமீ மட்டுமே இருந்தால் பிழை ஏறத்தாழ 3 விழுக்காடு. 200 கெஜத்துக்காக 25 கோண நிமிடம் ஏற்றும்போது இது 40 மிமீ தாழ்வாக முடியும். எனினும் பிழை எப்போதும் ஒரே அளவில் இருந்தால் கணக்கில் சேர்த்துச் சரிசெய்துவிடலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்துக்குத் திரும்பும் ஸ்கோப்பைத் திருப்பிக் கொடுப்பதே நல்லது.

செலவைக் குறைக்கும் வழிகள்

* ரிம்பயரின் பின்னுதைப்பு குறைவு. எனவே பெரிய துப்பாக்கிகளின் அதிர்ச்சியைத் தாங்குவதற்காகச் செய்யப்படும் உறுதியான கட்டமைப்புக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.
* ஒளிரும் குறுக்கிழை, மிகப் பெரிய வில்லை ஆகியவை பகலில் நடக்கும் போட்டிகளுக்கு இன்றியமையாதவை அல்ல.
* வளையங்களில் சிக்கனம் கூடாது. குழாயின் விட்டம் 25.4 மிமீயா 30 மிமீயா என்பதையும், துப்பாக்கியின் மேல் 11 மிமீ காடி உள்ளதா பிகாட்டினி ரெயில் உள்ளதா என்பதையும் அறிந்து வாங்க வேண்டும். தளர்ந்த வளையம் எந்த ஸ்கோப்பையும் பயனற்றதாக்கும்.
* மிச்சப்படும் தொகையைத் தோட்டாக்களுக்குச் செலவிடலாம். ஒரே துப்பாக்கியில் வெவ்வேறு வகைத் தோட்டாக்கள் வெவ்வேறு துல்லியம் தரும். இந்த வேறுபாட்டை எந்த ஸ்கோப்பாலும் ஈடுசெய்ய இயலாது.

பாதுகாப்பு

.22 லாங் ரைபிள் சிறிய தோட்டா எனினும் அதன் குண்டு ஒரு மைலுக்கு அப்பாலும் செல்லக்கூடியது. உயிரைப் பறிக்க வல்லது. துப்பாக்கியில் பொருத்திய ஸ்கோப்பை மனிதரையோ சுற்றுப்புறத்தையோ பார்க்கும் தொலைநோக்கியாக ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. ஸ்கோப் நோக்கும் இடத்தையே குழலும் நோக்கும். இந்தியாவில் இத்துப்பாக்கிகளை வைத்திருக்க 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் தேவை.

இவற்றையும் பார்க்கவும்

* இடமாறு தோற்றம்
* தொலைநோக்கி
* வில்லை
* துப்பாக்கி சுடுதல்