வெடித்த டயரைத் தூக்கிப் போடாதீர்கள்

"புது டயர்தாங்க சார், மாட்டி மூணு நாள்கூட ஆகல."

திண்டுக்கல் பக்கம் கன்னிவாடியில் என் வீட்டுத் திண்ணைக்கு மனு எழுதித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் இந்த வாசகத்தைப் பலமுறை கேட்டுவிட்டேன். முழங்காலில் கட்டு இருக்கும், கையில் சிராய்ப்பு இருக்கும். டயர் எங்கே என்று கேட்டால், "அதையா? பழைய இரும்புக்காரர் வந்தாரு, போட்டாச்சு" என்பார்கள். பில் எங்கே என்று கேட்டால் சிரிப்பார்கள். சைக்கிள் டயருக்கெல்லாம் யாராவது பில் வாங்குவார்களா என்று என்னையே திருப்பிக் கேட்பார்கள். பொருளும் இல்லை, வாங்கியதற்குச் சீட்டும் இல்லை. நான் எதை வைத்து எழுதுவது?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னாலும் சொல்வேன்: வெடித்த டயரையும் கிழிந்த டியூப்பையும் தூக்கிப் போடாதீர்கள். உங்கள் சாட்சி அதுதான்.

டயர் ஏன் வெடிக்கிறது என்று பார்த்தால், நான் பார்த்தவரை பாதிக்குமேல் அளவுக் குழப்பம். கடையில் போய் "28 டயர் ஒண்ணு குடுங்க" என்கிறோம். 28 என்பது ஒரு அளவே இல்லை, அது ஒரு குடும்பப் பெயர். பால்காரர் ஓட்டும் பெரிய கறுப்பு சைக்கிளுக்கு 28 × 1½. அதன் டயர் ஓரத்தில் உற்றுப் பார்த்தால் சின்ன எழுத்தில் 40-635 என்று இருக்கும். 40 என்பது டயரின் அகலம், 635 என்பது டயர் ரிம்மில் உட்காரும் இடத்தின் குறுக்களவு, இரண்டும் மில்லிமீட்டரில். இன்றைக்குப் பையன்கள் வாங்கும் கியர் சைக்கிளில் 700 என்று போட்டிருக்கும், சில டயரில் 28 × 1⅝ என்றும் இருக்கும். அதற்கு 622. இரண்டுக்கும் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். 622 ரிம்மில் 635 டயரை மாட்டினால் கையாலேயே சுலபமாக ஏறிவிடும். கடைக்காரருக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம். காற்று ஏறியதும் டயர் ரிம்மை விட்டு ஒரு பக்கமாக வெளியே வரும், டியூப் பிதுங்கும், அப்புறம் பட்டாசுச் சத்தம்தான்.

26 இன்னும் மோசம். பெண் பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளில் 26 × 1⅜ என்று இருந்தால் அது 590. தடித்த டயர் போட்ட மலைச் சைக்கிளில் 26 × 1.75 என்று இருந்தால் அது 559. இப்போது வரும் 27.5 சைக்கிளுக்கு 584. இந்த 584 ரிம்மும் 590 டயரும்தான் எனக்குப் பயம் தரும் ஜோடி. வித்தியாசம் வெறும் 6 மில்லிமீட்டர். கண்ணுக்குத் தெரியாது, காற்றடித்தாலும் உடனே வெடிக்காது. ஓடும்போது மெல்ல நகர்ந்து, இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது கழன்றுகொள்ளும். பன்றிமலைப் பக்கமிருந்து இறங்கி வரும் வளைவில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே கடைக்குப் போகும்போது பழைய டயரைக் கையில் எடுத்துப் போங்கள். 40-635 என்பதுபோல் நடுவில் கோடு போட்ட அந்த ஜோடி எண்ணைப் படித்துக் காட்டிக் கேளுங்கள். பெரியவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். 28, 26 என்று மொட்டையாகக் கேட்காதீர்கள்.

டியூப்பும் அப்படித்தான். பெரிய சக்கரத்துக்குச் சின்ன டியூப்பை இழுத்து மாட்டினால் ரப்பர் மெலிந்துவிடும். சின்ன சக்கரத்துக்குப் பெரிய டியூப்பை மடக்கித் திணித்தால் மடிப்பு விழுந்த இடத்திலேயே அது அறுந்துபோகும். வெளிநாடுகளில் ஒற்றைச் சக்கர சைக்கிளில் நெடுந்தூரம் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெரிய சக்கரம் 36 அங்குலம், டயர் உட்காரும் குறுக்களவு 787 மில்லிமீட்டர். அதற்கு டியூப் சுலபமாகக் கிடைக்காததால் 29 அங்குல டியூப்பை இழுத்து மாட்டிக்கொள்பவர்களும் உண்டு. அவர்கள் தெரிந்தே செய்கிறார்கள், தலைக்கவசமும் முழங்கால் கவசமும் போட்டுக்கொண்டு செய்கிறார்கள். நம் ஊர்க் கடையில் நமக்குத் தெரியாமலேயே செய்துவிடுகிறார்கள். அதுதான் வித்தியாசம்.

ரிம் மாற்றுகிறவர்களுக்கு ஒன்று. பழைய பெரிய சைக்கிளில் முன்சக்கர ரிம்மில் 32 ஓட்டை, பின்சக்கரத்தில் 40. "எல்லாம் ஒண்ணுதாங்க" என்று சொல்லி எதையாவது மாட்டப் பார்த்தால் நின்று எண்ணிப் பாருங்கள். துருப்பிடித்து ஓரம் கத்தி மாதிரி ஆகிப்போன ரிம்மில் புது டயர் மாட்டுவதும் காசைக் கரியாக்குவதுதான்.

மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். டீ குடிக்கப் போகாதீர்கள். ரிம்முக்குள் போக்ஸ் கம்பிகளின் முனை நீட்டிக்கொண்டிருந்தால் ராவச் சொல்லுங்கள், அதன்மேல் ரிம் டேப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். டியூப்பில் உருண்டு நிற்கும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றிவிட்டு உள்ளே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முறுக்கிக்கொள்ளும். வால்வுக்கு எதிர்ப்பக்கம் தொடங்கி, டயரின் ஓரத்தை ரிம்மின் நடுப்பள்ளத்தில் தள்ளிக்கொண்டே வந்து, வால்வு இருக்கும் இடத்தில் முடிப்பது நல்ல வேலை. கடைசிக் கொஞ்சம் ஏறவில்லை என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் தடுங்கள். அந்த நெம்பலில்தான் டியூப் கடிபடுகிறது, டயர் ஓரத்துக் கம்பியும் விட்டுப்போகிறது. பிறகு பாதிக் காற்று ஏற்றிச் சக்கரத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிய கோடு ஓடும். அது சுற்றிலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் முங்கியோ எம்பியோ இருந்தால் காற்றை இறக்கி, கையால் பிசைந்து சரிசெய்து மறுபடி ஏற்ற வேண்டும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் முழுக் காற்றையும் அடித்து அனுப்புகிற அவசரம் எனக்குப் புரிவதே இல்லை.

எவ்வளவு காற்று என்பது டயரிலேயே அச்சாகியிருக்கிறது. பெட்ரோல் பங்க் கம்ப்ரசரில் சைக்கிளுக்கு அடிக்காதீர்கள். சின்ன டியூப், நொடியில் நிரம்பிவிடும்.

இனி பில். ஜி.எஸ்.டி. பதிவு உள்ள கடை 200 ரூபாய்க்குக் குறைந்த விற்பனைக்கு மட்டும், அதுவும் வாங்குகிறவர் கேட்காவிட்டால்தான், தனி பில் போடாமல் இருக்கலாம். கேட்டால் கொடுக்க வேண்டும். பதிவு இல்லாத சின்னக் கடை வரி பில் தர முடியாது, ஆனால் ரசீது தர முடியும். விற்ற பொருளுக்கும் செய்த வேலைக்கும் ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சீட்டில் டயர் என்று மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வராதீர்கள். கம்பெனிப் பெயர், அளவு, மாட்டுக்கூலி, தேதி நான்கும் வேண்டும். மாட்டுக்கூலி ஏன் என்று பிறகு புரியும். டியூப் வந்த டப்பாவையும் வைத்துக்கொள்ளுங்கள். அளவு, விலை, தயாரித்த மாதம், கம்பெனி முகவரி எல்லாம் அதில்தான் இருக்கும். அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கினால் அதற்குப் புகார் கொடுக்க வேண்டிய இடம் தொழிலாளர் துறை, திண்டுக்கல் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம். போலீஸ் ஸ்டேஷன் இல்லை, தாலுகா ஆபீசும் இல்லை.

ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைக், கார் டயருக்கு அது கட்டாயம். சைக்கிள் டயருக்கு ஐ.எஸ். 2414, டியூப்புக்கு ஐ.எஸ். 2415 என்று தரம் இருக்கிறது. அந்த எண்ணோடு முத்திரை இருக்கிறதைக் கேட்டு வாங்குவது நம் கையில்தான் இருக்கிறது.

விபத்து நடந்துவிட்டால்? முதலில் ஆஸ்பத்திரி. அங்கே என்ன நடந்தது என்று கேட்பார்கள். வலியில் "தானா விழுந்துட்டேன்" என்று சொல்லிவிடுகிறோம். அப்படியே பதிவாகிவிடும். பிறகு அதை மாற்ற முடியாமல் தலையில் அடித்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சைக்கிள் டயர் வெடித்து விழுந்தேன் என்று சொல்லுங்கள், விபத்துப் பதிவேட்டில் அப்படியே எழுதச் சொல்லுங்கள், ஏ.ஆர். காப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சக்கரத்தை அதே நிலையில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். ரிம்மின் அளவும் டயரின் எண்ணும் படத்தில் தெரிய வேண்டும். டயரைத் தூக்கிப் போடாதீர்கள்.

அடுத்து கடைக்குப் போவீர்கள். கடைக்காரர், "இது கம்பெனி குறை, நான் என்ன செய்வேன்" என்பார். கம்பெனிக்கு எழுதினால், "தவறாக மாட்டியதால் வந்தது, எங்கள் பொருளில் குறை இல்லை" என்று பதில் வரும். இருவருக்கும் நடுவில் நாம் பந்தாக உருள்வோம். அதனால்தான் சொல்கிறேன்: புகாரில் தயாரித்தவர், விற்றவர், மாட்டியவர் எல்லாரையும் எதிர்தரப்பினராகச் சேருங்கள். யார் குறை என்பதை நுகர்வோர் ஆணையம் பார்த்துக்கொள்ளும். மாட்டுக்கூலியைச் சீட்டில் எழுதி வாங்கச் சொன்னது இதற்குத்தான். அது இல்லாவிட்டால் "நான் மாட்டவே இல்லை" என்று ஒரே வார்த்தையில் நழுவிவிடுவார்கள்.

நேராக ஆணையத்துக்குப் போவதற்கு முன் 1915-க்குப் போன் செய்யுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிப் பதில் வாங்கித் தருவார்கள், உத்தரவு போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. தரும் புகார் எண்ணைக் குறித்து வையுங்கள். கூடவே நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. அதனால் கவுன்ட்டரில் பதிவு வேண்டும் என்று தனியாகச் சொல்லி, ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் இருக்கும் வழக்குகள் மாவட்ட ஆணையத்துக்கு உரியவை. 5 லட்சம் வரை கட்டணம் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. டயரைக் கோயம்புத்தூரில் வாங்கியிருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். இது புதுச் சட்டத்தில் வந்த வசதி, பல பேருக்கு இன்னும் தெரியவில்லை. சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். மனு, தேதிவாரி விவரம், பிரமாணப் பத்திரம், பில், போட்டோ, நோட்டீஸ் நகல், தபால் ரசீது, ஏ.ஆர். காப்பி, மருத்துவச் செலவு பில்கள். இவை ஆணையத்துக்கும் ஒவ்வொரு எதிர்தரப்பினருக்கும் தனித்தனி செட்டாக வேண்டும். இணையத்தில் இ-ஜாக்ரிதி தளத்திலும் போடலாம்.

பொருளில் குறை இருக்கிறதா என்பது சோதித்தால்தான் தெரியும் என்றால், ஆணையம் மாதிரியை வாங்கி, சீல் வைத்து, ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த ஆய்வுக் கட்டணத்தை நாம் முதலில் கட்ட வேண்டும். மாதிரி என்றால் என்ன? அந்த வெடித்த டயர்தான். அது பழைய இரும்புக்காரரிடம் போய்விட்டால் எதை அனுப்புவது?

உத்தரவு வந்தும் எதிர்தரப்பு கொடுக்காவிட்டால் சிறை அல்லது குறைந்தது 25,000 ரூபாய் அபராதம் வரை போகலாம். ஆனால் அந்த நடவடிக்கைக்கும் நாம்தான் மனுப் போட வேண்டும். தானாக எதுவும் நடக்காது. ஓர் அலுவலகத்தில் ஒருவர், "சைக்கிள் டயருக்கெல்லாமா கேஸ் போடுவாங்க?" என்று என் முகத்துக்கு நேராகச் சிரித்தார். போடுவார்கள் ஐயா. சைக்கிள்தான் அந்த மனிதருக்கு வண்டி, கடை, சம்பளம் எல்லாம். பிழைப்புக்காகத் தானே ஓட்டும் வண்டிக்கு வாங்கிய பொருளென்றால் அவரும் நுகர்வோர்தான், வியாபாரி என்று சொல்லித் தள்ள முடியாது.

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் 1 பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லா சைக்கிளின் கதை வேறு. அதற்கு நாம் காசு கொடுக்கவில்லை, ஆகவே நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. வாங்கும் அன்றே பள்ளி வளாகத்தில் ரிம் கோட்டம், டயர் உட்காரல், காற்று மூன்றையும் பார்த்துவிடுங்கள். குறை இருந்தால் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். திட்டத்தை நடத்துவது பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை. பதில் இல்லாவிட்டால் மாவட்ட பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலருக்கு, அதுவும் ஆகாவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில். பிள்ளையை மேடையில் நிறுத்திப் போட்டோ எடுக்கும் அவசரத்தில் யாரும் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதில்லை. அதே சைக்கிளுக்குப் பிறகு நீங்கள் காசு கொடுத்து வாங்கும் டயருக்கு, மேலே சொன்ன எல்லாம் பொருந்தும்.

பால் ஊற்றும் அண்ணன் ஒருவருடைய டயர் இப்போது என் வீட்டுத் தாழ்வாரத்தில் சாக்குப்பையில் கட்டி, தேதி எழுதிய சீட்டோடு ஆணியில் தொங்குகிறது. ஓரத்துக் கம்பி விட்டு ஒரு முழம் பிதுங்கிய டயர், 40-635. மனுப் போட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டியது. வீட்டைக் கூட்டும்போதெல்லாம் என் மனைவி கேட்கிறாள், "இதைத் தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று. அவள்மேல் நம்பிக்கை இல்லாமல் நேற்றுத்தான் அதைப் பீரோவுக்கு மேலே ஏற்றி வைத்தேன்.